வெள்ளைச் சாட்டின்

மிலான் கொண்டுவந்த மூன்றாவது மூட்டைதான் ஏஞ்சலாவைக் குமட்ட வைத்தது. முதல் இரண்டு மூட்டைகளிலும் அதே நாற்றம் இருந்திருக்கத்தான் வேண்டும். அப்போது அவள் அதைச் சாயத்தின் நாற்றம் என்று நினைத்துக்கொண்டாள்.

பொலியெஸ்டருக்குச் சாயம் போடுவதே நாற்றம் பிடித்த வேலை. பருத்தித் துணியைப் போல வெந்நீரில் முக்கி எடுத்தால் போதாது, சாயம் துணியில் ஒட்டாமல் தண்ணீரோடு போய்விடும். அதற்கென்று இருக்கிற தூளைக் கரைத்து, கொஞ்சம் வினாகிரி ஊற்றி, தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் ஒரு மணி நேரம் கைவிடாமல் கிண்ட வேண்டும். நிறுத்தினால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். ஆவி தொண்டையில் இறங்கி நாக்கைக் கசக்க வைக்கும். கட்டுநாயக்கா பக்கம் ஒரு சாயப் பட்டறையில் எட்டு வருடம் ஏஞ்சலா இதைத்தான் செய்தாள். பட்டறையை மூடியதும் றொசல்லைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், அப்பாவும் அம்மாவும் இருந்து செத்த லயத்து வரிசை வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். பின்பக்கம் தனி அடுப்பு, தனி அலுமினியப் பானை. அந்தப் பானையில் ஒரு நாளும் சோறு வடித்ததில்லை. வெளுத்துப்போன நைலக்ஸ் சேலைகளை லயத்துப் பெண்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவள் கறுப்போ ஊதாவோ ஏற்றித் திருப்பிக் கொடுப்பாள். சாயத் தண்ணீர் சாக்கடைக் கானில் ஓடும்போது மட்டும் பக்கத்து வீட்டுக் காளியாயி சத்தம் போடுவாள்.

மிலான் அவளுடைய ஒரே தம்பி. நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வேன் ஓட்டுவதாகச் சொல்லியிருந்தான். வார நாட்களில் அங்கேயே தங்கி, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருவான். நவம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமைதான் முதல் மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினான். பளபளவென்ற வெள்ளைச் சாட்டின், மடிப்பு மடிப்பாக.

"கல்யாணத்துக்கு மேசையச் சுத்திக் கட்டுற துணி அக்கா. ஒரு தடவ கட்டிட்டுத் தூக்கி வீசிருவாங்க. நல்ல துணி, வீணாப் போகுது."

ஓரங்களில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. மேசையில் குண்டூசி குத்தியது என்று அவளே முடிவு செய்துகொண்டாள். அங்கங்கே மஞ்சளாகக் கறை. கல்யாணச் சாப்பாட்டுக் கறைதானே என்று விட்டுவிட்டாள். ஊதா ஏற்றியதும் கறை மறைந்தது. அட்டனில் தையல் மெஷின் வைத்திருந்த ஹவ்வா உம்மா துணியைத் தடவிப் பார்த்து, "கடையிலயும் இப்பிடித் துணி இல்ல புள்ள" என்று வாங்கிக்கொண்டார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இயேசு பிறப்பு நத்தார் விழாவுக்கு ஒன்பது பிள்ளைகள் ஆட இருந்தார்கள். அந்தத் துணியிலும் அடுத்து வந்த இரண்டாவது மூட்டையிலும் ஒன்பது கவுன் தைத்தார். முதல் மூட்டையில் மிஞ்சிய துண்டில் ஏஞ்சலா தனக்கு ஒரு தலையணை உறை தைத்துக்கொண்டாள். குளிருக்குக் கன்னத்தில் வழுவழுவென்று சுகமாக இருந்தது.

மூன்றாவது மூட்டையை டிசம்பர் முதல் சனிக்கிழமை காலையில் அவிழ்த்தாள். மிலான் உள்ளே இன்னும் தூங்கிக்கொண்டிருந்தான். இந்த முறை துணி ஈரமாக இருந்தது. சுருட்டிக் கட்டிய பையில் புழுங்கிப்போன ஈரம். அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு அதைப் பானையில் போட்டுக் கிண்டத் தொடங்கினாள்.

தண்ணீர் கொதி வந்தபோது கண் எரிந்தது. சாயத்துக்குத் தொண்டை கமறும், கண் எரியாது. ஆவியோடு ஒரு வாடை எழும்பியது. மருந்து போலக் காரமாக, அதற்கடியில் இனிப்பாக, அழுகிய கொய்யாப் பழத்தை மூடி வைத்த மாதிரி. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கம்பால் துணியைத் தூக்கிப் பார்த்தாள். நடுவில் ஓர் ஆள் முதுகளவு இடத்தில் சாயம் பிடிக்கவே இல்லை. எண்ணெய் தடவியது போல அந்த இடம் மட்டும் மஞ்சளாக வழுக்கிக்கொண்டு நின்றது. பானையின் விளிம்பில் மெழுகு போல ஒரு படலம் சேர்ந்தது.

அப்போதுதான் மடிப்புக்குள்ளிருந்து பஞ்சு ஒன்று கழன்று மேலே மிதந்தது. கட்டை விரல் மொத்தத்தில் இறுக்கி உருட்டிய பஞ்சு. ஒரு முனை வெள்ளை, மறு முனை காய்ந்த கறுஞ்சிவப்பு. அதில் நரைத்த முடி இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னாலேயே துணியின் ஓரத்திலிருந்து வெள்ளிச் சரிகை நாடா ஒரு முழம் பிரிந்து வந்தது, சின்ன ஆணி ஒன்றோடு.

அந்த நாடாவை ஏஞ்சலாவுக்குத் தெரியும். அப்பாவின் சவப்பெட்டியைச் சுற்றி அதே நாடாதான் அடித்திருந்தார்கள். மூன்று நாள் வீட்டில் வைத்திருந்தபோது அவள் தலைமாட்டில் உட்கார்ந்து அந்த நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சை எங்கே வைப்பார்கள் என்பதும் தெரியும்.

முதலில் அவளுக்குத் தலையணைதான் ஞாபகம் வந்தது. மூன்று வாரமாக அதில் கன்னத்தை வைத்துப் படுத்திருக்கிறாள். வாய் திறந்து தூங்குகிற பழக்கம் அவளுக்கு. எச்சில் ஊறிய அந்தத் துணியை... கானோரம் குந்தி வாந்தி எடுத்தாள். வயிற்றில் ஒன்றும் மிஞ்சாத பிறகும் குமட்டல் நிற்கவில்லை. பீலித் தண்ணீரில் முகத்தைக் காட்டி, சவர்க்காரம் போட்டுக் கன்னத்தைத் தேய்த்தாள். தோல் எரியும்வரை தேய்த்தாள்.

உள்ளே போய் மிலானின் போர்வையை இழுத்தாள்.

"எந்திரிடா. வெளிய வந்து பாரு."

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பானையருகே வந்தான். பஞ்சைப் பார்த்தான். அவன் முகத்தில் திகைப்பே இல்லை. பிடிபட்டுவிட்டோமே என்கிற சலிப்புத்தான் இருந்தது.

"கூட வேல செய்ற பையன்கிட்ட, இதெல்லாம் எடுத்துட்டுத்தான் கட்டச் சொன்னேன்" என்று முணுமுணுத்தான்.

"ஹோட்டல்லயா செத்தாங்க?"

அவன் படியில் உட்கார்ந்தான். மெதுவாகத்தான் எல்லாம் வெளியே வந்தது. ஹோட்டல் என்று ஒன்றும் இல்லை. நுவரெலியாவில் செத்தவர்களை அடக்கத்துக்குத் தயார் செய்கிற ஒரு மலர்ச்சாலையில் வேலை. வேனும் ஓட்டுவான், உடம்பைக் கழுவி மருந்தேற்றி உடுப்பும் போட்டுவிடுவான். அங்கே வாடகைக்குக் கொடுக்கிற நல்ல பெட்டிகள் உண்டு. பார்க்க வருகிறவர்களுக்காக மூன்று நாள் அதில் கிடத்தி வைப்பார்கள், புதைக்கும்போது சாதாரணப் பலகைப் பெட்டிக்கு மாற்றிவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் உள்துணியைப் பிய்த்துப் புதிதாக அடிக்க வேண்டும். பிய்த்ததை எரிக்கச் சொல்லித்தான் முதலாளி கொடுப்பார்.

"அதையா எனக்குக் கொண்டாந்த?"

"நூறு டிகிரியில ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கிற. அதுல எந்தக் கிருமி அக்கா உசுரோட இருக்கும்? ஆஸ்பத்திரியில விரிக்கிறதும் அப்படித்தான். ஒருத்தர் செத்த கட்டில்ல அடுத்தவர் படுக்கிறாரு. சொல்லு, யாருக்காச்சும் ஒண்ணு ஆச்சா?"

அவன் சொன்னதில் பிழை இல்லை. பட்டறையில் எட்டு வருடம் இருந்தவளுக்கு அது அவனைவிட நன்றாகத் தெரியும். ஆனால் தெரிந்ததெல்லாம் தலையோடு நின்றது, வயிறு கேட்கவில்லை. அவன் வாயைத் துடைத்த புறங்கையைப் பார்த்ததும் மறுபடியும் அவளுக்குப் புரட்டிக்கொண்டு வந்தது. அதை அவனும் கண்டுகொண்டான்.

"பொணத்தத் தொட்ட கைன்னுதானே பாக்குற? இதுக்குத்தான் யாருகிட்டயும் சொல்லல. இந்த வேலையச் சொன்னா எவன் பொண்ணு குடுப்பான்? கூடப் பொறந்த நீயே இப்படிப் பாக்குற."

"உன் வேலையச் சொல்லலடா. கழுவிப் பெட்டியில வைக்கிறது புண்ணியம். எங்கிட்ட மறைச்சு என் கையால புள்ளைகளுக்குத் துணி செய்ய வச்சியே, அதுதான் அசிங்கம். அது உனக்கு நாறவே இல்லையா?"

"நாறுறதப் பாத்தா நான் அங்க ஒரு நாள் இருக்க முடியுமா?" என்று கத்திவிட்டு, சட்டையை எடுத்துக்கொண்டு அவன் இறங்கிப் போய்விட்டான்.

அன்று பகலே ஏஞ்சலா பஸ் ஏறி அட்டனுக்குப் போனாள். ஹவ்வா உம்மா ஒரு கடைக்குப் பின்னால் சின்ன அறையில் தைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது தாண்டிய மனுஷி. ஊரில் பெண்கள் யாராவது மௌத்தானால் உடலைக் குளிப்பாட்டுவதற்கு முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"என்ன புள்ள, மொகமெல்லாம் வெளுத்துப் போய் ஈக்கிது?"

ஏஞ்சலா நின்றபடியே சொன்னாள். சொல்லச் சொல்ல ஹவ்வா உம்மாவின் கால் மெஷினிலிருந்து விலகியது. வாயில் வைத்திருந்த நூலைத் துப்பினார். பல்லால் கடித்து நூல் அறுக்கிறவர். அந்தச் சாட்டினையும் அப்படித்தான் தைத்திருப்பார். எழுந்து போய் வாய் கொப்பளித்தார். திரும்பத் திரும்பக் கொப்பளித்தார்.

"எத்தன மையத்தக் குளிப்பாட்டி இருப்பேன் தெரியுமா? ஒரு நாளும் அருவருத்தது இல்ல. அவங்க துணி அவங்களோட போகணும். அதப் பிச்சுக் கலர் போட்டு, நான் லேஸ் வச்சுத் தச்சு, பச்சப் புள்ளைகளுக்கு..." மெஷினில் கிடந்த துணியைத் தள்ளி வைத்தார். பிறகு, "கவுன் எல்லாம் நேத்தே குடுத்தாச்சே. என்ன செய்ய?" என்றார்.

"சாயம் தோலுக்கு ஒத்துக்காதுன்னு சொல்லி வாங்கிரலாம்னு நெனச்சேன் உம்மா."

"அப்பிடிச் சொன்னா, நல்லா அலசிட்டுப் போட்டுக்குவாங்க. உள்ளதச் சொல்லு. நானும் வாறேன்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒத்திகை. இருவரும் போனபோது ஒன்பது பிள்ளைகளும் கவுனைப் போட்டுக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தார்கள். சுற்றும்போது ஊதாத் துணி குடை மாதிரி விரிந்தது. ஓரத்தில் நின்ற ஒரு சின்னப் பிள்ளை கழுத்து நாடாவின் நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. நாடா ஈரத்தில் கறுத்திருந்தது. ஏஞ்சலா ஓடிப்போய் அதன் வாயிலிருந்து அதைப் பிடுங்கினாள். பிள்ளை வீறிட்டது.

ஆட்டம் பழக்கிய பெற்றீசியா டீச்சர் என்னவென்று விசாரித்தார். கேட்டதும் பிள்ளைகளை வகுப்பறைக்கு அனுப்பிச் சீருடைக்கு மாறச் சொன்னார். ஒத்திகை பார்க்க வந்திருந்த தாய்மாரை மண்டபத்தில் நிறுத்தினார். ஏஞ்சலா எல்லோருக்கும் முன்னால் இன்னொரு முறை சொன்னாள். தம்பியின் பெயரையும் சொன்னாள்.

ஒருத்தி காறித் துப்பினாள். ஒருத்தி, "அந்தக் கொழந்த அதப் போட்டுக்கிட்டே தூங்குச்சுடி பாவி" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். டீச்சர்தான் நடுவில் புகுந்து தடுத்தார். கவுன்களை ஒவ்வொருவராகக் கொண்டுவந்து, இரண்டு விரலால் பிடித்து, சிமெந்துத் தரையில் போட்டார்கள். நேற்று வரை மடித்து வைத்து ஆசைப்பட்ட துணி. இப்போது செத்த எலியைப் போடுவது போலப் போட்டார்கள்.

எட்டுக் கவுன்தான் சேர்ந்தது. கொழுந்து பறிக்கிற சண்முகவடிவு மட்டும் மகளின் கவுனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"யாரு படுத்திருந்ததுன்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாதுக்கா."

"எங்கம்மா போன ஐப்பசியில நுவரெலியா ஆஸ்பத்திரியிலதான் செத்துச்சு. வாடகைப் பெட்டியிலதான் கொண்டாந்தோம். வெள்ளச் சாட்டின்தான் உள்ளுக்கு." அவள் துணியைப் பிரித்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். "இது அதுவாக் கூட இருக்கலாம்ல?"

சண்முகவடிவு கவுனை மடித்து மார்போடு வைத்துக்கொண்டு வெளியே போனாள். அவளைப் பார்த்து ஏஞ்சலாவுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தத் துணி அவளுடைய கழுத்துப் பக்கம் உரசியதைப் பார்த்தபோது குமட்டல்தான் வந்தது. அதற்காகத் தன்மீதே வெறுப்பாக இருந்தது.

எட்டுக் கவுனையும், தலையணை உறையையும், பானையில் கிடந்த மிச்சத்தையும் லயத்துக்குப் பின்னால் போட்டு எரித்தாள். அது சாம்பலாகவில்லை. உருகிச் சொட்டியது. கறுப்புப் புகை மேல்லயம் வரை போனது. கடைசியில் தார் போல ஒரு கட்டி தரையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அதை மண்வெட்டியால் பெயர்த்துப் புதைத்தாள். பானையைக் கல்லால் நசுக்கி அதனோடு போட்டாள்.

விழாவில் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையோடு ஆடினார்கள். ஏஞ்சலா போகவில்லை. சாயம் போடச் சொல்லி யாரும் அவளிடம் சேலை கொண்டுவரவும் இல்லை. காளியாயி மட்டும் ஒரு நாள் வேலியோரம் நின்று, "நீ சொல்லாம இருந்திருந்தா யாருக்குத் தெரியும்?" என்றாள். தன்னைத் திட்டுகிறாளா, பாராட்டுகிறாளா என்று ஏஞ்சலாவுக்கு விளங்கவில்லை.

ஜனவரியில் ஒரு காலை மிலான் வந்தான். இளைத்திருந்தான். வீட்டுக்குள் ஏறாமல் வாசலிலேயே நின்றான்.

"முதலாளிகிட்ட நானே சொல்லிட்டேன்க்கா. ஏசினாரு, வேலைய விட்டுத் தூக்கல. இப்ப அவரு முன்னாடி வச்சுத்தான் எரிக்கிறேன்." கொஞ்சம் தயங்கி, "லயத்துல எல்லாருக்கும் என் வேலை தெரிஞ்சு போச்சுல்ல?" என்றான்.

"தெரிஞ்சா தெரியட்டும். இனி பொய் சொல்ல வேண்டியதில்ல."

அவள் உள்ளே போய்ப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தாள். அவன் வாங்கக் கையை நீட்டினான். சுத்தமான கை, நகம் ஒட்ட வெட்டியிருந்தது. அவள் கோப்பையை அவன் கையில் கொடுக்காமல் படியில் வைத்தாள். வைத்த பிறகுதான் தான் செய்தது அவளுக்கே தெரிந்தது.

அவன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான்.

"இன்னுமாக்கா?"

"இன்னும்தான்டா" என்றாள் ஏஞ்சலா. "என்ன செய்ய, போக மாட்டேங்குது. குடி, ஆறிடும்."

அவன் குனிந்து கோப்பையை எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். அவள் இரண்டு படி மேலே உட்கார்ந்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை எழுந்து போகவில்லை.