நவரட்ணராஜா கழுவிய ஸ்பொஞ்ச்

கல்யாணம் பேசுவது என் தொழில் இல்லை. அது என் வாயின் குணம். கண்டி அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த காலத்திலேயே யார் வீட்டில் பெண் இருக்கிறாள், யார் மகனுக்கு எங்கே வேலை என்பதெல்லாம் எனக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் கேட்டு அறியும்வரை சோறு இறங்காது. அப்படித்தான் பேராதனையில் வங்கி வேலை பார்க்கும் சுஜந்தனுக்குக் குண்டசாலை நவரட்ணராஜாவின் மகள் றஜிதாவைப் பேசினேன். சுஜந்தனின் தாய் ரத்தினம்மா எனக்குப் பள்ளிக்காலத்துச் சிநேகிதி. பெண் பார்ப்பதற்கென்றே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து என் வீட்டில் தங்கியிருந்தாள். இதற்கு முன் பார்த்த பெண்களில் ஒருத்தி சத்தமாகச் சிரிக்கிறாள், இன்னொருத்தி சிரிக்கவே இல்லை என்று தட்டிக் கழித்தவள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான், ரத்தினம்மா, சுஜந்தன் மூவரும் நஸீபின் ஓட்டோவில் குண்டசாலைக்குப் போனோம். நான் எங்கே போனாலும் நஸீப்தான் கூட்டிப்போவார். நவரட்ணராஜாவின் வீடு அன்று பளபளத்துக்கொண்டிருந்தது. மனிதர் ஓய்வு பெற்ற சுகாதாரப் பரிசோதகர். அவர் வேலையில் இருந்தபோது கண்டியில் எத்தனையோ ஹோட்டல் குசினிகள் அவர் பெயரைக் கேட்டாலே நடுங்கும். மனைவி இறந்த பிறகு வீட்டுச் சுத்தமும் அவர் கைக்கே வந்துவிட்டது. கதிரைக் கால்களைக்கூடத் துடைத்து வைத்திருந்தார்.

விறாந்தை மூலையில் ஒரு மீன்தொட்டி இருந்தது. தண்ணீர் அவ்வளவு தெளிவு. இரண்டு ஏஞ்சல் மீன்கள், அவற்றைச் சுற்றிக் கடுகு தூவியதுபோல் குஞ்சுகள். எல்லாம் மேல்மட்டத்தில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. விருந்தாளிகளைப் பார்க்க வந்திருக்கின்றன என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு மீனைப் பற்றித் தெரிந்ததெல்லாம் குழம்புக்குப் புளி எவ்வளவு என்பதுதான்.

“மகள்தான் வளக்கிறா,” என்றார் நவரட்ணராஜா. “உந்த மீன் எத்தினையோ தரம் முட்டை போட்டுது. குஞ்சு பொரிச்ச உடன மோட்டர் பில்டர் இழுத்துப்போடும். பிறகுதான் காத்துப் பம்ப்பில ஓடுற ஸ்பொஞ்ச் பில்டர் வாங்கிப் போட்டவ. இந்தமுறைதான் முதல்முதலா குஞ்சுகள் தப்பி நிக்குது. பள்ளிக்கூடத்தில படிப்பிச்சுப்போட்டு வந்தால் உடுப்பு மாத்த முதல் இதுகளைத்தான் பாப்பா.”

“நல்ல துப்புரவா வைச்சிருக்கிறியள்,” என்றாள் ரத்தினம்மா. அவள் வாயிலிருந்து பாராட்டு வருவது அபூர்வம். நான் உள்ளே குளிர்ந்துபோனேன்.

“நான்தான் வெள்ளிக்கிழமை கழுவினனான்,” என்றார் அவர், நெஞ்சை நிமிர்த்தி. “அந்த ஸ்பொஞ்சைப் பாக்கவேணும் நீங்கள். கன்னங்கரேலெண்டு! சவர்க்காரத் தூள் போட்டு, கொதிதண்ணியில அலசி, வெயிலில காயவைச்சுப் போட்டிருக்கிறன்.”

தேத்தண்ணித் தட்டோடு வந்துகொண்டிருந்த றஜிதா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அப்பா, ஸ்பொஞ்சையுமோ கழுவினீங்கள்? கண்ணாடியை மட்டும் துடைச்சதெண்டெல்லோ சொன்னீங்கள்!”

“பின்ன, மாப்பிள்ளை வீட்டார் வரேக்க ஊத்தையா விடுறதோ?”

“அது ஊத்தை இல்லை!” என்று கத்தியே விட்டாள். தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டுத் தொட்டிக்கு ஓடினாள். ரத்தினம்மாவின் புருவம் மேலே ஏறியது. சரி, முடிந்தது கதை, இனி நான் வேறு பெண் தேடவேண்டியதுதான் என்று நினைத்தேன். எனக்கு அந்தப் பிள்ளைமேல் கோபம்தான் வந்தது. நாலு குஞ்சு மீனுக்காக ஒரு நல்ல இடத்தைக் கெடுப்பாளா ஒருத்தி?

சுஜந்தன் எழுந்து போய்த் தொட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்தான். பெண் பார்க்க வந்த எத்தனையோ மாப்பிள்ளைகளின் முதல் பேச்சைக் கேட்டிருக்கிறேன். எங்கே படித்தீர்கள், சமைக்கத் தெரியுமா, வெளிநாடு போக விருப்பமா. இவன் கேட்டது வேறு.

“சின்னத் துளை ஸ்பொஞ்சோ, பெரிய துளையோ?”

“சின்னத் துளை. குஞ்சுகள் அதிலயே மேஞ்சு தின்னுமெண்டுதான் அதை எடுத்தனான்.” அவள் தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“வேற பழசு ஏதும் இருக்கோ?”

“இல்லை. ட்ரம்மில வைச்ச தண்ணி மட்டும் இருக்கு.”

“அப்ப நீங்கள் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்கோ. என்னட்ட ஒரு ஸ்பொஞ்ச் ஓடுது. எடுத்துக்கொண்டு வாறன்.”

அவன் வாசலுக்குப் போக, நானும் பின்னால் ஓடி ஓட்டோவில் ஏறிவிட்டேன். ரத்தினம்மாவை அங்கே தனியே விட்டது மரியாதை இல்லைதான். ஆனால் ஊத்தை எப்படி ஊத்தை இல்லாமல் போகும் என்று அறியாமல் என்னால் அந்த வீட்டில் வடை தின்றுகொண்டிருக்க முடியாது.

“மீன் கழிக்கிறது தண்ணியில நஞ்சா மாறும், அன்ரி,” என்றான் சுஜந்தன். “ஸ்பொஞ்சுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருந்து அந்த நஞ்சைத் தின்னும். அதுகள் பெருகி வர வாரக்கணக்கா எடுக்கும். சவர்க்காரமும் சுடுதண்ணியும் பட்டால் ஒண்டும் மிஞ்சாது.”

“அப்ப தண்ணி தெளிவா இருந்ததே?”

“நஞ்சுக்கு நிறமில்லை அன்ரி.”

வாழ்நாள் முழுக்கக் கிருமியை ஒழித்த மனிதர், கடைசியில் உதவி செய்யும் கிருமியையும் ஒழித்துவிட்டார். சிரிப்பு வந்தது; அந்தப் பிள்ளையின் முகம் நினைவு வர அடக்கிக்கொண்டேன். முன்னால் இருந்த நஸீப் தலையைத் திருப்பினார்.

“அப்ப நம்ம வீட்டுல வாராவாரம் பைப்புல புடிச்சிக் கழுவுறதுதான் பிழையா தம்பி? மீன் நிக்கவே மாட்டேங்குதே!”

“தொட்டித் தண்ணியை வாளியில எடுத்து, அதுக்குள்ள பிழிஞ்சு போடுங்கோ. காணும்.”

பேராதனையில் அவன் வாடகை அறையில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே தொட்டி இருந்தது. ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்ன மீன்கள். அவன் உள்ளே கையை விட்டுக் கறுத்துப்போன ஸ்பொஞ்ச் ஒன்றைக் கழற்றிச் சாப்பாட்டுப் பெட்டியில் தொட்டித் தண்ணீரோடு வைத்தான். அது இருந்த இடத்தில் வெறும் காற்றுக்குழாய் மட்டும் குமிழி விட்டது. வேறொன்றும் இல்லை. என் கண்ணுக்கு அகப்படாதது எது? பார்த்துவைத்துக்கொண்டேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது ரத்தினம்மா இருந்த இடத்திலேயே இருந்தாள். நவரட்ணராஜா வேட்டியை மடித்துக் கட்டி வாளி தூக்கிக்கொண்டிருந்தார். முகம் பேயறைந்த மாதிரி. “எத்தினை குசினி பாத்தவன் நான், கமலாசனி,” என்றார் என்னிடம். “என்ர பிள்ளை ஆசையா வளத்ததை நானே நாசமாக்கிப் போட்டன்.” தொட்டியின் அடியில் வெள்ளையாகச் சில குஞ்சுகள் கிடந்தன.

சுஜந்தன் பெட்டியைத் திறந்தான். குளத்துச் சேற்று வாடை அடித்தது.

“பொம்பிளை பாக்க வந்தவன் ஊத்தை காவிக்கொண்டு வாறான்,” என்று ரத்தினம்மா என் காதுக்குள் சீறினாள்.

றஜிதா ஸ்பொஞ்சைக் கையில் எடுத்தாள். போடப் போனவள் நிறுத்தினாள். அதன் பருமனைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பிறகு என்னிடம் திரும்பினாள்.

“அன்ரி, நீங்கள் போனனீங்கள்தானே. இவற்ற தொட்டியில இது ஒண்டுதானோ இருந்தது?”

சுஜந்தன் எனக்குக் கண்ணைக் காட்டினான். கல்யாணம் பேசுகிற வாய்க்குப் பொய் ஒன்றும் புதிதில்லை. சொட்டைத் தலையை மறைத்திருக்கிறேன், வயதைக் குறைத்திருக்கிறேன். ஆனால் ஸ்பொஞ்சைக் கையில் ஏந்தி நிற்கும் இந்தப் பிள்ளையிடம் எனக்குப் பொய் வரவில்லை.

“ஓம் பிள்ளை. இது ஒண்டுதான். இப்ப அங்க வெறும் குழாய்தான் நிக்குது.”

“என்ர மீன் கொஞ்சம்தான், சமாளிக்கும்,” என்றான் அவன் அவசரமாக. “உங்கட குஞ்சுகளுக்கு முழுசும் வேணும்.”

அவள் குசினிக்குப் போனாள். வெட்டுக்கத்தியோடு வந்து, பட்டுச்சேலையோடு தரையில் குந்தி, ஸ்பொஞ்சைச் சரிபாதியாக அறுத்தாள். கறுத்த தண்ணீர் சேலையில் தெறித்தது. ஒரு பாதியைத் தன் குழாயில் கட்டித் தொட்டிக்குள் இறக்கினாள். மற்றதைப் பெட்டியில் வைத்து அவனிடம் நீட்டினாள்.

“பாதி காணாது,” என்றான் அவன். “இன்னும் கொஞ்சம் குஞ்சுகள் சாகலாம்.”

“தெரியும்,” என்றாள். கண் கலங்கியிருந்தது. “அதுக்காக உங்கட மீன் சாகவேணுமோ? தண்ணியை நான் மாத்தி மாத்திப் பாக்கிறன். நீங்கள் கெதியாப் போங்கோ.”

ஆனால் அவன் உடனே போகவில்லை. நான்தான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு பெரிய மீன்களும் மேலே வாயைத் திறந்து மூடுவதை விட்டு மெல்லக் கீழே இறங்கி நீந்தின. பிறகு மிஞ்சிய குஞ்சுகள் வந்து அந்தக் கறுத்த ஸ்பொஞ்சில் வாய் வைத்து மேயத் தொடங்கின. நவரட்ணராஜா வாளியோடு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. மீனுக்கு அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

ஓட்டோவில் ரத்தினம்மா நடுவில், நானும் சுஜந்தனும் இரண்டு பக்கமும். முதலில் என்னையும் ரத்தினம்மாவையும் என் வீட்டில் இறக்குவதாகத்தான் பேச்சு. பெண் எப்படி என்று கேட்க வாயெடுத்தேன். ரத்தினம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கேட்கத் துணிவு வரவில்லை. தெல்தெனிய வீதித் திருப்பத்தில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. பெட்டியிலிருந்து கறுத்த தண்ணீர் அவள் மடியில் வழிந்தது. சுஜந்தன் பதறிப்போய்த் துடைக்கக் கைலேஞ்சியை எடுத்தான்.

அவள் அவன் கையிலிருந்து பெட்டியைப் பறித்துத் தன் மடியில் வைத்து, மூடியை இறுக்கி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

“தன்ர குஞ்சு சாகக் கிடக்கேக்க என்ர பிள்ளையின்ர மீனை யோசிச்சவள்,” என்றாள், யாருக்கென்று இல்லாமல். பிறகு முன்னால் குனிந்தாள்.

“தம்பி நஸீப், நேர பேராதனைக்கு விடுங்கோ. குலுக்காமல், கெதியா.”