கோணல் கீறலில் மூன்று போல்ட்

"இந்தக் கல்யாணம் நடக்காது! இனிமே இவன் என் வீட்டு வாசல்ல கால் வைக்கக் கூடாது!"

மெக்கானிக் போட்ட சத்தத்தில் எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அதில் காதை வைத்திருந்த எனக்குத் தெரியாதா? ஆனாலும் பாதிதான் கேட்டது. ஒரு டம்ளர் சர்க்கரை வேண்டும் என்ற சாக்கில் எதிர்வீட்டுக்குள்ளேயே போய்விட்டேன்.

மெக்கானிக் என்றால் ஃபிரிட்ஜ் மெக்கானிக். தெருவில் அவருக்குப் பல்லி என்று பெயர். ஊருக்குப் பின்னால் நிற்கும் பாறையில் அடியிலிருந்து உச்சி வரை ஒரு வெடிப்பு ஓடுகிறது. கோணல் கீறல் என்பார்கள். மீசை கறுப்பாக இருந்த காலத்தில் அதில் முதல் முதலாக ஏறியவர் இவர்தான். இன்றைக்கும் எங்கெங்கிருந்தோ ஆட்கள் கார் பிடித்து வந்து, அந்த வெடிப்பில் கையை விட்டுத் தோலை உரித்துக்கொண்டு, ஏதோ வரம் வாங்கியதுபோல முகம் மலர இறங்கிப் போகிறார்கள். புதுப் பாதைகள் எத்தனை வந்தாலும் கூட்டம் இதற்குத்தான்.

காரணம், அங்கே ஒரு சட்டம்: கல்லில் துளை போடக் கூடாது. முன்னால் ஏறுகிறவர் வெடிப்பில் உலோக ஆப்புகளைச் செருகி, அவற்றில் கயிற்றை மாட்டிக்கொண்டே போவார். பின்னால் வருகிறவர் அதுவரை கீழே கயிற்றைப் பிடித்து நின்றுவிட்டு, அவற்றைக் கழற்றிக்கொண்டே ஏறுவார். பாறை பழையபடியே நிற்கும். அடுத்து வருகிறவரும் முதல் ஆள் மாதிரியே தடவித் தடவித்தான் போக வேண்டும். அதில்தான் ருசியாம். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் நான் ருசியைப் பற்றி என்ன சொல்ல?

அப்பேர்ப்பட்ட பாறையில் அன்று காலை பளபளவென்று, துளை போட்டு முடுக்கிய, கயிறு மாட்டும் மூன்று போல்ட்!

"மாமா, சத்தியமா நான் இல்ல," என்றான் மாப்பிள்ளையாகப் போகிறவன். உள்ளூரில் பாறை ஏறிப் பழகச் செயற்கைச் சுவர் வைத்து ஜிம் நடத்துகிறவன்.

"இந்த ஏரியாவுல அந்த மாதிரி டிரில் மெஷின் வச்சிருக்கறவன் நீ ஒருத்தன்தான்டா! சுவத்துல பிளாஸ்டிக் கட்டிங்கள முடுக்கிச் சின்னப் பசங்கள ஏத்தறவனுக்குக் கல்லோட மரியாதை எப்படித் தெரியும்?"

"டிரில் என்னோடதுதான். ஆனா அது இப்போ..." என்று ஆரம்பித்தவன், உள் அறையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். அங்கே அதுவரை ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சத்தம் நின்றிருந்தது.

"ஒரு பாறைக்காக என் கல்யாணத்த நிறுத்துவீங்களாப்பா?" பெண் அழுதுகொண்டே கேட்டாள்.

"அது வெறும் பாறை இல்லடி!"

"பின்ன என்ன, எனக்குச் சித்தியா?"

சிரிப்பை அடக்க நான் டம்ளரைக் கடிக்க வேண்டியிருந்தது.

மெக்கானிக்கின் வீட்டம்மா வெளியே வந்தாள். ஊருக்கெல்லாம் கர்ட்டன் தைத்துக் கொடுப்பவள். அவள் குரல் உயர்ந்து நாங்கள் கேட்டதில்லை. வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்துப் புடவைத் தலைப்பில் குத்திக்கொண்டாள்.

"டிரில் என்கிட்டதான் இருக்கு. கர்ட்டன் கம்பி மாட்டணும்னு மாப்பிள்ளகிட்ட வாங்கினேன். போல்ட் போட்டது நான்."

வாங்கியிருந்த சர்க்கரையில் பாதியை நான் தரையில் கொட்டிவிட்டேன். யாரும் திட்டக்கூட இல்லை. முதலில் மெக்கானிக் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியிலேயே செத்தது.

"நீயா? அங்க எப்படிப் போன?"

"பின்பக்கமா உச்சிக்குப் போய், மரத்துல கயித்தக் கட்டி இறங்கினேன்."

"உனக்கு... உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

அதுவரை நிதானமாக இருந்தவளுக்கு அந்தக் கேள்விதான் பொறுக்கவில்லை. "ஏங்க, இத்தனை வருஷமா நீங்க செருகின ஆப்பெல்லாம் யாரு கழட்டினா? அதுவே கழண்டு பையில வந்து விழுந்துச்சா?"

என் தலையில் யாரோ தண்ணீர் ஊற்றியது போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவள் கூடப் போவது தெரு முழுக்கத் தெரியும். ஃபிளாஸ்க் தூக்கப் போகிறாள் என்று நினைத்திருந்தோம். பின்னால் போகிறவளும் உச்சி வரை ஏறித்தானே ஆக வேண்டும்? எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. அவள் புருஷனுக்கே உறைக்கவில்லை!

"போன மாசம் ஆப்பு பிடுங்கிக்கிட்டு விழுந்தீங்களே, யார்கிட்டயாவது மூச்சு விட்டீங்களா?" உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கயிறு உரசிய தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. "இனிமே ஏறாதீங்கன்னா கேக்க மாட்டீங்க. போல்ட்னா பிடுங்கிக்காதேன்னுதான் போட்டேன். பொண்ணு கல்யாணத்துல நான் தனியா நிக்கணுமா?"

மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்தார். "மூணோட ஏன் நிறுத்தின?" என்றார்.

"அதுக்குக் கீழதான் அந்த இடம் வருதே. கை வச்சதும் விரல் தானா உள்ள போய் உக்காருமே... அங்க டிரில்ல வச்சேன். அமுக்க மனசு வரல."

"அந்த இடம் எனக்குத் தெரியும்," என்றார்.

"நானே போய்ப் பிடுங்கி ஓட்டைய அடைக்கறேன். ஆனா இனிமே முன்னால போறது நான். பின்னால வந்து கழட்டறது நீங்க. விழுந்தா நான் விழறேன், நீங்க பிடிங்க. பிடிக்கறது எப்படி இருக்குன்னு தெரியட்டும்."

மெக்கானிக் எழுந்தார். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவனைப் பார்த்து, "மாப்பிள்ள, எங்க கிளம்பிட்டீங்க? சாப்பிட்டுட்டுப் போங்க," என்றார். நானும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

துளைகளை அரைத்த கல்தூளும் பசையும் வைத்து அடைத்தாள். இருந்த இடம் தெரியவில்லை என்கிறார்கள். இப்போது அவள்தான் முன்னால் ஏறுகிறாள். கீழே கயிற்றைப் பிடித்து நிற்கும் மெக்கானிக் அவள் உச்சியைத் தொடும்வரை கண்ணை எடுப்பதில்லை. பல்லி என்ற பெயரையும் தெரு அவளுக்கே மாற்றிக் கொடுத்துவிட்டது.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஜிம்மைப் பெயர்த்துக்கொண்டு கடலோரமாய் ஓர் ஊருக்குக் குடிபோய்விட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் ஒரு பாறைகூடக் கிடையாது என்று விசாரித்துவிட்டு, அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததே பெண்தான்.