வெள்ளிக்கிழமை ரஞ்சனி

மூன்றாம் வகுப்பு ரஞ்சனி ஒரு இடத்தில் உட்கார்ந்திருந்தால் அது அதிசயம். பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுவாள், பாதிக் கணக்கில் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவாள். வெள்ளிக்கிழமை மட்டும் அவளே கை தூக்கிப் பதில் சொல்வாள். இதென்ன கூத்து என்று சுமலதா டீச்சருக்கு மண்டை குடைந்தது.

தலைமையாசிரியருக்கோ பொறுமை போய்விட்டது. "புள்ளைக்கு மூளையில ஏதோ குறை. திங்கக்கிழமைக்குள்ள எழுதிக் குடுங்கம்மா, சிறப்புப் பள்ளிக்கு அனுப்பிடலாம்" என்றார். அப்படி எழுத சுமலதாவுக்குக் கை வரவில்லை. வாரத்தில் ஒரு நாள் லீவு எடுக்கிற குறை எந்த ஊரில் உண்டு?

முதலில் சாப்பாட்டின் மேல்தான் சந்தேகம். வெள்ளிக்கிழமை காலையில் பள்ளியில் கேசரி போடுவார்கள். செவ்வாய்க்கிழமை சுமலதாவே வீட்டில் கேசரி கிண்டி எடுத்துவந்தாள். ரஞ்சனி டப்பாவை வழித்துத் தின்றுவிட்டு, டஸ்டரைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள்.

புதன்கிழமை பள்ளி விட்டதும் சுமலதா ரஞ்சனியோடு அவள் ஊரான சிங்கவரத்துக்கே போய்விட்டாள். ரஞ்சனியின் அப்பா பச்சமுத்து ஆட்டு வியாபாரி. வாரம் முழுக்க ஊர் ஊராக ஆடு வாங்கிச் சேர்த்து, வெள்ளிக்கிழமை செஞ்சிச் சந்தையில் விற்பவர். கதவைத் திறந்ததுமே புழுக்கை நாற்றம். ஒற்றை அறையில் பாதிக்கு மேல் ஆடுகள். மிச்ச இடத்தில் பிள்ளையின் பாய்.

"வெளிய கட்டுனா வண்டில வந்து தூக்கினு போயிடுறானுங்க டீச்சர். அதான் உள்ளயே" என்றார் பச்சமுத்து.

"ராத்திரி கத்தாதா?"

"கத்துந்தான். எங்களுக்குப் பழகிப்போச்சு. பாப்பாவும் அடிச்சிப்போட்டாப்ல தூங்கும்."

"நான் ஒண்ணும் தூங்கல நைனா" என்றாள் ரஞ்சனி. "குட்டிங்க அம்மாவத் தேடி அழுவுது. தடவிக் குடுத்தாதான் நிறுத்துது. வியாழக்கிழம ராத்திரி எல்லாத்தையும் சந்தைக்கு ஏத்தினு போயிடுவ இல்ல? அன்னிக்குத்தான் தூங்குவேன்."

பச்சமுத்துவின் முகம் செத்துப்போனது. தூக்கம் கெட்டுத்தான் பிள்ளை அப்படி ஆடியிருக்கிறாள் என்று புரிந்ததும் சுமலதாவுக்கும் வெட்கமாக இருந்தது. கேசரி கிண்டத் தோன்றியவளுக்கு, பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே!

"இனிமே ஆட்டையெல்லாம் வாசல்ல கட்டி நான் கூடவே படுத்துக்குறேன். நீ கதவச் சாத்தினு தூங்கு கண்ணு" என்றார் பச்சமுத்து.

ரஞ்சனி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "குட்டி அழுதா எழுந்துருப்பியா? தடவிக் குடுப்பியா?"

கறி எவ்வளவு தேறும் என்று ஆட்டைத் தடவிப் பார்த்து விலை சொல்லியே பழகிய கை பச்சமுத்துவுடையது. அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "குடுக்குறேன்" என்றார்.

திங்கட்கிழமை ரஞ்சனி கணக்கை முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்டாள். எழுதித் தரச் சொன்ன தாளுக்காகத் தலைமையாசிரியர் வந்து நின்றார். சுமலதா வாசலைக் காட்டினாள். பிள்ளையை விட வந்த பச்சமுத்து, வண்டி ஹேண்டில்பாரில் தலை சாய்த்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"புள்ளைக்கு ஒண்ணுமில்ல சார். அவரு எழுந்ததும் கேளுங்க, சொல்லுவாரு."