கேள்வி கேட்க வந்த இருபது நிமிடம்

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். சின்னவளுக்கு வயது முப்பத்தொன்பது, காதோரம் நரை வேறு. பல்கலைக்கழகத்தில் பருவநிலை, எரிசக்தி, கொள்கை என்று ஒரு மூச்சில் சொல்லி முடிக்க முடியாத பெயருள்ள துறையில் ஒப்பந்த ஆய்வாளர். ஒப்பந்தம் என்றால் பத்து மாதத்துக்கு ஒருமுறை ஆபீஸ் கிளார்க் தலையை நீட்டி, "மேடம், நீங்க இன்னும் இங்கதான் இருக்கீங்களா?" என்று கேட்கிற வேலை.

மூன்று வருடமாக அவள் ஒரே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள், எல்லாம் மொட்டைக் கான்கிரீட். முன்பு ஒரு கோடையில் அங்கே வெப்பம் தாங்காமல் ஏழு பேர் செத்துப்போனார்கள். அதற்கப்புறம் அரசாங்கத்துக்கு முழிப்பு வந்து வீட்டுக்கு ஒரு ஏசியும், அதை ஓட்டுவதற்குச் சலுகைக் கட்டணமும் கொடுத்தது. பிறகு அந்தச் சலுகையைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தார்கள். குறைத்ததும் மின்சாரச் செலவு மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிட்டது. மக்கள் திருந்திவிட்டார்களா, வெந்துகொண்டிருக்கிறார்களா என்று கண்டுபிடிப்பதுதான் சின்னவளின் ஆராய்ச்சி. திருந்திவிட்டார்கள் என்றால் மிச்சச் சலுகையையும் எடுத்து, அந்தப் பணத்தில் அரசுக் கட்டடங்களின் மேல் சூரியத் தகடு போடுவதாகத் திட்டம். கெட்ட திட்டம் என்று யாரும் சொல்ல முடியாது. சின்னவளே அதற்கு ஆதரவாக இரண்டு கட்டுரை எழுதியவள்.

அதே குடியிருப்பில் மூன்றாவது கட்டடத்தின் மேல்மாடியில்தான் அவளுடைய அக்கா இருந்தாள். அக்கா வீட்டுக்காரரை, அதாவது மாமாவை, இரண்டு வருடம் முன்பு பக்கவாதம் அடித்துப் படுக்கையில் போட்டிருந்தது. உடம்பு சூட்டைத் தாங்காது, அறையைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொந்தக்காரர் வீட்டுக்குத் தானே போகக் கூடாது என்பதால் சின்னவள் அந்தக் கட்டடத்துக்கு வேறு களப்பணியாளரை அனுப்பினாள். நேர்மைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

கேள்வித்தாள் முழுக்க அவள் எழுதியது. அதில் பதினோராவது கேள்வியைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. அது குடியிருப்பவரிடம் கேட்கிற கேள்வியே இல்லை. களப்பணியாளர் தன் கண்ணால் பார்த்துக் குறிக்க வேண்டும்: நான் போனபோது ஏசி ஓடியதா? மனிதர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள், இயந்திரம் சொல்லாது என்பது அவள் கட்சி. பத்தில் ஒன்பது வீட்டில் "ஓடியது" என்று வந்தது. வெயிலை எப்படித் தாங்குகிறீர்கள் என்று கேட்டதற்கு முக்கால்வாசிப் பேர் "சமாளிச்சுக்கிறோம்" என்றார்கள். அதற்கு விடைப்பட்டியலில் மூன்றாம் எண் போட்டு "தகவமைத்துக்கொண்டார்" என்று பதிந்தார்கள். அறிக்கையின் முதல் பக்கத்தில் சின்னவள் எழுதினாள்: "குடியிருப்பாளர்கள் வசதிக்குறைவு ஏதுமின்றித் தங்கள் மின் பயன்பாட்டைக் குறைத்துக்கொண்டனர்." அறிக்கை, சலுகையை முடிவு செய்கிற மின் கட்டணக் குழுவுக்குப் போயிற்று. எல்லாரும் கைகுலுக்கினார்கள்.

குழு கூடுவதற்கு நான்கு நாள் இருக்கும்போதுதான் மின் துறையிலிருந்து புது மீட்டர்களின் பதிவு வந்து சேர்ந்தது. களப்பணி நடந்த நாட்களில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எந்த வீட்டில் எவ்வளவு மின்சாரம் ஓடியது என்கிற கணக்கு. அறிக்கைக்கு அழகாக ஒரு படம் போடலாம் என்று திறந்தாள். முதல் வீட்டில் நாள் முழுக்கக் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது, பகல் பதினொன்றரைக்கு மட்டும் விருட்டென்று ஏறி இருபது நிமிடத்தில் இறங்கியிருந்தது. மீட்டர் கோளாறு என்று நினைத்தாள். இரண்டாவது வீட்டிலும் அதே மாதிரி, பன்னிரண்டு மணிக்கு. மூன்றாவது வீட்டில் பன்னிரண்டரைக்கு. வரிசையாகப் பக்கத்துப் பக்கத்து வீடுகள், அரை மணிக்கு ஒன்றாக.

சந்தேகத்தோடு களப்பணியாளரின் டேப்லெட் பதிவை எடுத்து ஒப்பிட்டாள். கேள்வித்தாள் திறந்த நேரம் பதினொன்று முப்பத்திரண்டு, மூடிய நேரம் பதினொன்று ஐம்பது. அடுத்த வீடு பன்னிரண்டு ஒன்று. அன்றைக்குச் சாப்பாட்டுப் பையைத் திறக்காமலேயே கிளம்பிவிட்டாள்.

சொல்லாமல் கொள்ளாமல் அக்கா வீட்டுக்குப் போய் நின்றபோது மணி இரண்டு. நடைவழிப் பக்கத்து ஜன்னல் அகலத் திறந்திருந்தது. ஏசி ஓடுகிற வீட்டில் எவராவது ஜன்னலைத் திறந்து வைப்பார்களா? கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"நான்தான்க்கா."

"அடிப்பாவி, போன் பண்ணிட்டு வரக்கூடாதா? இரு இரு, வந்துட்டேன்."

ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு ஏசி உறுமிக்கொண்டு கிளம்புகிற சத்தம். அதற்கப்புறம்தான் கதவு திறந்தது. அக்காவின் ரவிக்கை தொப்பலாக முதுகோடு ஒட்டியிருந்தது. முகத்தில் மட்டும் சிரிப்புக்குக் குறைவில்லை. "வா வா, என்ன இப்படி இளைச்சுப் போயிட்ட?" என்றாள். இந்தக் கேள்வியை அவள் முப்பது வருடமாகக் கேட்கிறாள், சின்னவள் ஒரு கிலோகூட இளைத்ததில்லை.

உள்ளே கட்டிலில் மாமா நெஞ்சின் மேல் ஈரத்துண்டோடு கண்ணை மூடிக் கிடந்தார். குளிர்காற்று அவர் மேல் பட்டதும் ஒரு நீண்ட மூச்சு விட்டார். கண்ணைத் திறக்காமலே குழறிக் குழறிக் கேட்டார்.

"ஏசி போட்டிருக்கே... யாரு வந்திருக்கா?"

அக்கா அவசரமாக, "உங்க மச்சினிச்சிதான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போகப் பார்த்தாள். சின்னவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு ஒரு பொண்ணு டேப்லெட்டோட கேள்வி கேக்க வந்தாளே, அவளுக்கும் இப்படித்தான் போட்டியா?"

"பின்னே? வெயில்ல அஞ்சு மாடி ஏறி வந்த புள்ள. வேர்க்க வேர்க்க உக்கார வெச்சா நல்லாவா இருக்கும்?"

"மத்த நேரத்துல?"

"மத்த நேரத்துலயும் போட்டா பில்லு கட்டி மாளுமா? ஜன்னல் இருக்கு, துண்டு இருக்கு. நாங்க என்ன வெளியாளா?"

"மாமாவுக்குக் கூடப் போடறதில்லையாக்கா?"

அக்கா கையை உருவிக்கொண்டாள். "ரொம்ப முடியாமப் போனா போடுவேன்" என்றாள் தணிந்த குரலில். "போன மாசம் ரெண்டு தடவை போட்டேன். எனக்கு மட்டும் ஆசையா, அவர் இப்படிக் கிடக்கிறதைப் பாத்துட்டு இருக்க?"

சின்னவளுக்கு எல்லாம் புரிந்தது. வீட்டுக்கு வீடு வந்தவளை வேர்க்க விடக் கூடாது என்று ஏசியைப் போட்டு, போனதும் அணைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து வசதிக்குறைவு ஏதுமில்லை என்று எழுதியவள் அவள். படித்து என்ன, கிழித்து என்ன. இப்படிப்பட்ட வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கே இது தெரியாமல் போய்விட்டதே என்று தன்னையே திட்டிக்கொண்டு இறங்கினாள்.

துறைத்தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் பதினெட்டு. பூமி சூடாவதைப் பற்றி ஊர் ஊராகப் பேசுகிறவர், தன் அறையில் ஏசியைப் பதினெட்டுக்கு மேல் ஏற்ற மாட்டார். சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் கையெழுத்துப் போடுவார். ஆனால் கல்நெஞ்சர் இல்லை. மீட்டர் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"பெரிய ஓட்டைதாம்மா. அடிக்குறிப்பு போட்டுடலாமா?"

"அடிக்குறிப்பா? முதல் பக்கமே தப்பு சார். என் பேர்ல இருக்கிற தப்பு."

"ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கினா அடுத்த நிதி வராது. உன் ஒப்பந்தமும் இந்த மாசத்தோட முடியுது, தெரியும்ல?"

"தெரியும் சார்."

அவர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். கடைசியில், "போய்ச் சொல்லு. நான் தடுக்கலை" என்றார். கூட வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

குழுக் கூட்டத்தில் சின்னவள் நடுங்காமல் பேசினாள். கோடுகளைத் திரையில் காட்டினாள், இருபது நிமிடத்தைச் சொன்னாள். மாமா கேட்ட கேள்வியைக்கூட, யார் வீடு என்று சொல்லாமல், சொன்னாள். ஒரு உறுப்பினர் உச்சுக் கொட்டினார். இன்னொருவர், "அப்போ நீங்க போன மாசம் சொன்னது பொய்யா, இப்போ சொல்றது பொய்யா?" என்றார். "போன மாசம் சொன்னது தப்பு. தப்பு என்னோடது" என்றாள். குழுத் தலைவர் ரொம்ப மரியாதையானவர். "கவலைப்படாதீங்க மேடம், நீங்க சொன்ன அவ்வளவும் பதிவாயிடுச்சு, கட்டாயம் சேர்த்துக்குவோம்" என்று எழுந்து நின்று கும்பிட்டார். பேருந்தில் திரும்பும்போது நான்கு நாளைக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது. வேலை போனால் போகிறது, அந்த வீடுகள் பிழைத்தால் போதும் என்று நினைத்தாள். பைத்தியக்காரி, நிஜமாகவே நம்பினாள்.

சேர்த்துக்கொள்ளத்தான் செய்தார்கள். மூன்று வாரம் கழித்து ஆணை வந்தபோது அவளுடைய திருத்தம் ஆறாம் பின்னிணைப்பில், கடைசிக்கு முந்தின பக்கத்தில், ஒரு சொல் விடாமல் இருந்தது. முதல் பக்கத்தில் அவளுடைய பழைய வாக்கியம் இருந்தது. குழுவின் முன் முறைப்படி வைக்கப்பட்ட அறிக்கையை மாற்ற விதியில் இடமில்லையாம், இணைக்கத்தான் இடமாம். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து சலுகை ரத்து. செய்தித்தாள்காரர்கள் பின்னிணைப்பு வரைக்குமா போவார்கள்? அவள் பெயரையும் அந்த வாக்கியத்தையும் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள்.

காலி செய்த மேசையின் சாமான்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் வந்தது. எடுக்கவே பயமாக இருந்தது. எடுத்தாள்.

"அக்கா, நான் போய்ச் சொன்னேன்க்கா. சத்தியமா சொன்னேன். அவங்க..."

"நீ சொல்லியிருப்ப. எனக்குத் தெரியாதா?" அக்கா சின்னக் குரலில் பேசினாள், பக்கத்தில் யாரோ இருப்பதுபோல. "அந்தப் பேப்பரை மாமா கண்ணுல காட்டலை. பக்கத்தைக் கிழிச்சு எடுத்துட்டேன்."

"மாமா எப்படி இருக்கார்?"

"இருக்கார்." அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்லாமல் அக்கா பேச்சை மாற்றினாள். "இங்க எல்லாரும் கொதிச்சுப் போயிருக்காங்கடி. அந்தப் பேர்ல இருக்கிறவ நாசமாப் போகட்டும்னு கீழ்வீட்டம்மா படியில நின்னு மண்ணை வாரித் தூத்துறா. உன் தங்கச்சியும் அந்தக் காலேஜ்தானே, அவளுக்கு இவளைத் தெரியுமான்னு என்கிட்டயே கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"எனக்கும் தங்கச்சிக்கும் பேச்சே இல்லை, சண்டைன்னு சொல்லிட்டேன்." அக்காவின் குரல் உடைந்தது. உடனே சரிப்படுத்திக்கொண்டாள். "நீ தப்பா எடுத்துக்காதே. இங்க எல்லாருக்கும் உன்னைச் சின்னவள்னுதான் தெரியும், அந்தப் பேர் நீதான்னு தெரிஞ்சா சும்மா விடமாட்டாங்க. கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதே, என்ன? வெயில் முடிஞ்சதும் வா."

கோடை முடிய அன்றைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.