காலியான படுக்கை

சலவைக்கூடத்தில் துணி தேய்க்கும் நீராவி உருளை ஓடிக்கொண்டிருந்தது. உருளைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் எல்லோரும் குட்டச்சி என்று கூப்பிடும் அவள் கூட்டாளி. ஈரமான படுக்கை விரிப்பை ஆளுக்கு ஒரு முனை பிடித்து, ஓங்கி ஓர் உதறு உதறி, நேராக உருளைக்குள் கொடுக்க வேண்டும். துணி சாய்ந்து போனால் மடிப்பு விழும். விரல் கொஞ்சம் முன்னால் போனால் தோல் ஒட்டிக்கொள்ளும். ஹோட்டல்காரர்கள் மடிப்பைப் பார்த்தால் மூட்டையோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். விரலைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை.

இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. வேலை நேரத்தில் போன் எடுத்தால் மேஸ்திரிக்கு மூக்கின் மேல் கோபம் வரும். வந்தால் வரட்டும் என்று எடுத்தாள்.

"அம்மா, முன்னாள் ராணுவத்தார் ஆஸ்பத்திரியிலருந்து நர்ஸ் பேசறேன். குடியை நிறுத்தற வார்டுல ஒரு படுக்கை காலியாகுது. நாளைக்குக் காலையில டாக்டர் பார்ப்பார். அவர் சரின்னா அப்பவே சேர்த்துக்குவோம். இன்னும் ஒண்ணு ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கோம். உங்க வீட்டுக்காரரை அப்படியே கூட்டிட்டு வாங்க."

"எப்பாடு பட்டாவது கூட்டிட்டு வந்துடறேன் சிஸ்டர்" என்றாள். போனை வைத்த பிறகும் கை துணியைப் பிடிக்க மறந்து நின்றது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கற? நல்ல சேதியா, கெட்ட சேதியா?" என்று உருளைச் சத்தத்துக்கு மேல் கத்தினாள் குட்டச்சி.

"நல்ல சேதிதான்" என்றாள் அவள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எல்லாருக்கும் வழிகிற வியர்வைதான் என்று மேஸ்திரி நினைத்திருப்பார்.

தெருவில் அவள் புருஷனுக்குப் பட்டாளம் என்று பெயர். பட்டாளத்திலிருந்து வந்து இத்தனை வருஷமாகியும் அந்தப் பெயர்தான். அங்கே லாரி ஓட்டினான். ஒரு நாள் அவனுக்கு முன்னால் போன லாரி கண்ணிவெடியில் தூக்கியெறியப்பட்டது. அதில் இருந்தவர்கள் அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அவர்களை வாரி எடுத்து வைத்தது அவன் கை. இதைக்கூட அவன் அவளிடம் சொன்னதில்லை. தூக்கத்தில் கத்தியதை வைத்து அவளாகச் சேர்த்துக்கொண்டது. முதலில் தூங்குவதற்காகக் குடித்தான். பிறகு எழுந்திருப்பதற்காகவும் குடிக்க வேண்டியதாயிற்று.

கடைசியாகப் பார்த்த வேலை ஒரு பெரிய கடையில் வண்டி நிறுத்துமிடக் காவல். ஏதோ ஒரு வண்டியின் டயர் வெடித்தது. பட்டாளம் பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணியை இழுத்துத் தரையில் தள்ளி, அவள் மேல் குப்புறப் படுத்துக்கொண்டான். அந்த அம்மாளுக்கு அவன் குண்டடியிலிருந்து தன்னைக் காப்பாற்றுகிறான் என்று எப்படித் தெரியும்? அன்றைக்கே சீருடையைக் கழற்றி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

அவள் தட்டாத கதவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்க வைத்து, முகத்தைக்கூடப் பார்க்காமல் மாத்திரை கொடுத்தார்கள். அதைத் தின்றுவிட்டு அதற்கு மேல் குடித்தான். மறுவாழ்வு இல்லம் என்று பலகை மாட்டிய ஓரிடத்தில் விட்டாள். அங்கே ஜன்னல் கம்பியோடு கட்டிப் போட்டு அடித்திருக்கிறார்கள். மணிக்கட்டில் தடிப்போடு திரும்பி வந்தவன் அப்புறம் எந்த அறையிலும் கதவைச் சாத்த விடவில்லை. போன மாதம் மொட்டைமாடிச் சுவரின் விளிம்பில் அவன் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தது அவள் தம்பிதான். பேச்சுக் கொடுத்துக்கொண்டே போய்க் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டி வந்தான். மிச்சமிருந்தது இந்த ஆஸ்பத்திரி ஒன்று. பட்டாளத்துக்காரர்களுக்கென்றே தனி வார்டு, கட்டிப் போட மாட்டார்கள், உட்கார வைத்துப் பேச வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். அந்தப் படுக்கை கிடைத்தால் மனுஷன் பிழைப்பான். இல்லாவிட்டால் அடுத்த தடவை தம்பி மாடிக்கு வரும்போது என்ன பார்ப்பானோ, அதை அவள் நினைத்துப் பார்க்கவே விரும்பவில்லை.

விடிந்ததும் தம்பி வந்தான். வேன் ஓட்டுகிறவன், வாய் சும்மா இருக்காது. பட்டாளத்தை நாற்காலியில் உட்கார வைத்துச் சோப்பு நுரை பூசினான்.

"மாமா, ஆடாம இருங்க. காதைக் கீதை அறுத்துட்டேன்னா அக்கா என் தலையை அறுத்துடுவா."

"தலைன்னு ஒண்ணு உனக்கு இருக்கா மச்சான்?" என்றான் பட்டாளம். அவன் இப்படிப் பேசி எத்தனை நாளாயிற்று! அடுப்பங்கரையில் இருந்த அவள் கரண்டியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

அவன் சட்டைக்கு அவள் இரண்டு தரம் இஸ்திரி போட்டாள். ஊரார் துணியெல்லாம் தேய்க்கிறவள், தன் வீட்டுக்காரன் சட்டையில் சுருக்கம் விடுவாளா? கால்சட்டை மடிப்பு கத்தி மாதிரி நின்றது. தம்பி காலணிக்குப் பாலிஷ் போட்டான்.

"அக்கா, அந்த நர்ஸம்மா அப்படியே கூட்டிட்டு வாங்கன்னுதானே சொன்னாங்க?"

"அவங்க சொல்லுவாங்கடா. அந்த டாக்டர் பட்டாளத்துல பெரிய அதிகாரியா இருந்தவராம். அவர் முன்னாடி அழுக்கும் தாடியுமா கொண்டுபோய் நிறுத்தினா, இதெல்லாம் தேறாத கேசுன்னு தள்ளிட மாட்டாரா? நாலு பேர் வர்ற இடத்துல நம்ம ஆளைப் பார்த்ததும், இவனைச் சேர்த்தா பலன் உண்டுன்னு தோணணும்."

தம்பிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கிளம்பும் நேரத்தில் பட்டாளத்தின் கை உதறத் தொடங்கியது. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. நெற்றியில் வேர்த்தது. அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய், பழைய துணி மூட்டைக்குள் தான் ஒளித்து வைத்திருந்த பாட்டிலை எடுத்து, டம்ளரின் அடி நனைகிற அளவு ஊற்றிக் கொண்டுவந்தாள். அவள் கையால் அவனுக்கு ஊற்றிக் கொடுத்தது வாழ்நாளிலேயே அதுதான் முதல் தடவை.

"இது மட்டும்தான். அங்க போய் நிக்கணுமில்ல, அதுக்கு" என்றாள்.

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் குடித்தான். இரண்டு கிராம்பை எடுத்து அவன் வாயில் போட்டாள். சற்று நேரத்தில் உதறல் அடங்கியது. பொத்தானை அவனே போட்டுக்கொண்டான்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நீள பெஞ்சு. இவர்களுக்கு முன்பே ஒருவனைக் கொண்டுவந்திருந்தார்கள். வயதான தாய் ஒரு பக்கமும் அண்ணன்காரன் ஒரு பக்கமும் பிடித்திருந்தும் சரிந்து சரிந்து விழுந்தான். கால்சட்டை நனைந்திருந்தது. காலில் செருப்பில்லை. யாரோ அடிக்க வருவதுபோல் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு ஏதோ முனகிக்கொண்டிருந்தான். அவள் தன் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். முதுகு பெஞ்சில் படாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கல்யாணத்தன்றைக்குக்கூட இத்தனை லட்சணமாக இருந்ததில்லை. அந்தத் தாயை நினைத்தால் பாவமாக இருந்தது. ஆனாலும் நம்ம ஆள் இந்தக் கதியில் இல்லை என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்க்கத்தான் செய்தது.

பட்டாளத்தைக் கூப்பிட்டார்கள். அவளும் எழுந்தாள். "முதல்ல அவர் மட்டும் வரட்டும்மா" என்றாள் நர்ஸ். கதவைச் சாத்தப் போன நர்ஸின் கையைப் பட்டாளம் தடுத்துவிட்டான். கதவு பாதி திறந்தே இருந்தது.

அறைக்குள் காலணிக் குதிகால்கள் சேரும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். விறைப்பாக நின்று சல்யூட் வைத்திருந்தான். மேசைக்குப் பின்னாலிருந்த நரைத்த தலை டாக்டர் தன்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உக்காருங்க."

"பரவாயில்லை சார்." இரண்டு கையும் கால்சட்டைத் தையலோடு ஒட்டியிருந்தன.

"தூக்கம் எப்படி?"

"வருது சார்."

"கெட்ட கனவு?"

"இல்லை சார்."

"குடி?"

"எப்பவாவது சார். கட்டுப்பாட்டுல இருக்கு சார்."

வெளியே அவள் கதவை இன்னும் நெருங்கி நின்றாள். அடப்பாவி மனுஷா, என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாய்!

"செத்துடலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?"

"இல்லை சார்."

"வேற ஏதாவது கஷ்டம் இருக்கா?"

"ஒரு கஷ்டமும் இல்லை சார்."

அவள் கூப்பிடாமலே உள்ளே போய்விட்டாள். "சார், எல்லாம் பொய் சார். ராத்திரியெல்லாம் கத்தறார் சார். போன மாசம் மாடி விளிம்புல போய் நின்னார் சார். இன்னிக்குக் காலையில நான்தான் சார் ஊத்திக் குடுத்து..." அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது.

டாக்டர் பட்டாளத்தைப் பார்த்தார். அவன் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி, "காத்து வாங்கப் போனேன் சார். இவ பயந்த சுபாவம்" என்றான்.

டாக்டர் கெட்டவர் இல்லை. அவளை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். "நீங்க சொல்றதை நான் நம்பாம இல்லைம்மா. ஆனா இருக்கறது ஒரே படுக்கை. வெளியில இருக்கற ஆளை நீங்களே பார்த்திருப்பீங்க. அவனைத் திருப்பி அனுப்பினா ராத்திரி தாண்டாது. இவர் இன்னும் கட்டுக்கோப்பா இருக்கார். வாரத்துக்கு ஒரு தடவை வந்து மாத்திரை வாங்கிட்டுப் போகட்டும். அடுத்தது காலியாகும்போது பார்ப்போம்."

பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராக, "வேலை இல்லைன்னு எழுதியிருக்கே?" என்றார்.

"ஆமா சார்."

"எங்க வாசலுக்கு ஆள் இல்லாம இருக்கு. இந்த வார்டுக்கு வர்றவங்களைக் கையாள வெளியாளுக்குத் தெரியாது. உங்களை மாதிரி ஒருத்தர் இருந்தா நல்லது. செய்யறீங்களா?"

"செய்யறேன் சார்" என்றான் பட்டாளம். மறுபடி குதிகால்கள் சேர்ந்தன.

தாழ்வாரத்தில் அந்தச் செருப்பில்லாதவனைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய தாய் போகிற வருகிற எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டாள். இவளையும் பார்த்துக் கும்பிட்டாள்.

வேனுக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் புருஷனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். "ஏன்யா இப்படிப் பண்ணின? ஒரே ஒரு வார்த்தை, தூக்கம் வரலைன்னு சொன்னா உன் வாய் வெந்தா போயிடும்?" நீங்க, வாங்க எல்லாம் அவளுக்குப் பறந்துவிட்டது.

அவன் சட்டையை விடுவித்துக்கொள்ளவில்லை. "வாய்க்கு வரலைம்மா" என்றான். "பட்டாளத்துல எங்களோட ஒருத்தன் இருந்தான். தூக்கம் வரலை, பயமா இருக்குன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டான். அவனை எங்க பிரிவைவிட்டே விலக்கி, தகுதியில்லைன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவன் பெட்டியைத் தூக்கிட்டுப் போறப்ப நாங்க யாரும் அவன் முகத்தைப் பார்க்கலை. அதுக்கப்புறம் டாக்டர் கேட்டா இல்லை சார்தான். எல்லாரும் அப்படித்தான். மேசைக்கு அந்தப் பக்கம் அந்த ஆளைப் பார்த்ததும் அதேதான் வந்துச்சு. சொல்லணும்னுதான் நினைச்சேன். சத்தியமா நினைச்சேன்."

காலையில் தன் கையால் ஊற்றிக் கொடுத்ததை அவளும் நினைத்தாள். கத்தி மாதிரி நின்ற கால்சட்டை மடிப்பைப் பார்த்தாள். சட்டையை விட்டுவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தம்பி வேனைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேலையில் சேர உடல் தகுதி பார்க்க வேண்டுமாம். அதே டாக்டரே பார்த்து, நல்ல தகுதி என்று கையெழுத்துப் போட்டார். நீல நிறத்தில் ஒரு சீருடை கொடுத்தார்கள்.

அவன் வேலைக்குப் போகத் தொடங்கிச் சில வாரங்கள் இருக்கும். நர்ஸ் மறுபடி கூப்பிட்டாள். குரல் தணிந்திருந்தது.

"அம்மா, ரெண்டு படுக்கை காலியாகுது. நான்தான் உங்க வீட்டுக்காரர் பேரை டாக்டர்கிட்ட எடுத்துக்கிட்டுப் போனேன். ஆனா இப்ப அவர் இங்க வேலை பார்க்கறவராயிட்டாரே. வேலையில இருக்கறவங்களை இந்த வார்டுல சேர்க்கறதில்லையாம். விதி அப்படி. வேலையை விட்டுட்டு வந்தா, தகுதின்னு போட்ட கையெழுத்து குறுக்க நிக்குதாம். அதை மாத்த மேலிடத்துலதான் முடியுமாம். எனக்கே ஒரு மாதிரி இருக்கும்மா."

"அவர் நைட்டெல்லாம் கத்தறது நிக்கலை சிஸ்டர்" என்றாள்.

"தெரியும்மா. வாசல்ல நிக்கறப்பவே வாடை வருது. டாக்டருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருக்கார். சொன்னா உங்க வீட்டுக்காரர் வேலை போயிடும், அதான்."

உருளை ஓடிக்கொண்டே இருந்தது. மேஸ்திரி வாயைத் திறக்குமுன் அவள் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். டாக்டரின் காலில் விழுவது என்று முடிவு செய்திருந்தாள். காலில் விழுந்தால் மேலிடத்துக்கு ஒரு வார்த்தை எழுத மாட்டாரா?

ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்புறம் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். தெருவைக் கடக்க வண்டிகள் விடவில்லை. இரும்புக் கதவின் முன்னால் பட்டாளம் நின்றிருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நீலச் சட்டை தோளில் தொங்கியது.

ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. சின்ன வயதுப் பெண் ஒருத்தி இறங்கி, உள்ளேயிருந்து ஒருவனைக் கை கொடுத்து இறக்கினாள். நன்றாகச் சவரம் செய்த முகம். வெளுத்த சட்டை. இறங்கியதும் அவன் விறைத்து நின்றான்.

"அண்ணே, இங்க படுக்கை கிடைக்கும்னு வரச் சொன்னாங்க" என்றாள் அந்தப் பெண்.

பட்டாளம் அந்த ஆளையே பார்த்தான். கிட்டே போய் அவன் சட்டையைக் கால்சட்டையிலிருந்து வெளியே இழுத்துவிட்டான். வாரிய தலையைக் கையால் கலைத்தான்.

"உள்ள ஒரு பெரியவர் இருப்பார் தம்பி. அவருக்கு சல்யூட் அடிக்காதே. உக்காருன்னு சொன்னா உக்காந்துடு. கேட்டதுக்கெல்லாம் ஆமான்னு சொல்லு. தூக்கம் வரலைன்னு சொல்லு. செத்தவங்க வந்து கூப்பிடறாங்கன்னு சொல்லு. வெக்கப்படாதே. அழுகை வந்தா அழு."

அந்த ஆள் விறைப்பு தளர்ந்து அவனைப் பார்த்தான். "உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?" என்றான்.

"போ தம்பி, நேரமாகுது."

பட்டாளம் உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து இரும்புக் கதவைத் தள்ளித் திறந்தான். அவர்கள் இரண்டு பேரும் உள்ளே போய்ப் படியேறி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, தெருப் பக்கம் திரும்பி வெளியே நின்றான்.