மடிப்பிச்சைப் புக்கை

அல்பேர்ட் தன் வீட்டுக் கதவுக்கு வெளியே வெறுங்காலோடு நின்றார். மார்ச் மாதம். தெருவோரத்தில் பனி இன்னும் அழுக்குக் குவியலாகக் கிடந்தது. மாடிப்படிக் கல்லின் குளிர் உள்ளங்காலில் ஏறி முழங்கால் வரைக்கும் வந்துவிட்டது. இடுப்பில் கட்டிய வெள்ளைத் துண்டின் முனையை மடியாகப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி மற்றக் காலில் தேய்த்தார்.

"போங்கோவன், என்னத்துக்கு நிக்கிறியள்?" என்றாள் கதவுக்குள் நின்ற றோசம்மா.

"சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனா அந்தோனியார் கோவிக்கப் போறாரே?"

"வெறுங்காலோட எண்டு நேந்தது ஆரப்பா? நானோ?"

றோசம்மா கதவைச் சாத்தினாள். சாத்தியதோடு நில்லாமல் திறப்பைப் போட்டுப் பூட்டும் சத்தமும் கேட்டது. முப்பது வருடம் குடும்பம் நடத்தியவளுக்குப் புருஷனைத் தெரியாதா என்ன!

நேர்ந்தது அவர்தான். மகன் ஜூலியன் ஜேர்மன் இராணுவத்தில் லொறி ஓட்டுகிறவன். அவனுடைய அணிக்கு வேலை, மலைக்குள் இருக்கும் காவல் நிலைகளுக்குச் சாப்பாடும் எண்ணெயும் உடுப்பும் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இலையுதிர்காலத்தில் ஆப்கானிஸ்தானின் வடபகுதிக்குப் போனார்கள். தை மாதம், சாமான்களை இறக்கிவிட்டு வெறும் லொறிகளோடு திரும்பி வரும்போது மலைப்பாதையில் பனி சரிந்தது. முன்னுக்கும் வழியில்லை, பின்னுக்கும் வழியில்லை. ஹெலிகொப்டர் பறக்க முடியாத வானம். ஊருக்கெல்லாம் சாப்பாடு கொண்டுபோன பெடியள் தங்களுக்கு ஒன்றும் இல்லாமல் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். தொலைக்காட்சிக்காரன் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு உதைபந்தாட்டத்துக்குப் போய்விட்டான்.

அன்றைக்குத்தான் அல்பேர்ட், தான் வேலை செய்யும் பண்டகசாலையில், பாரம் தூக்கும் வண்டியை இரண்டு தட்டுகளுக்கு நடுவில் நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். "அந்தோனியாரே, என்ர பெடியும் அவனோட நிக்கிற பெடியளும் உயிரோட வந்தா, வெறுங்காலோட வாசல் வாசலாய் மடிப்பிச்சை எடுத்து, அவை எல்லாருக்கும் சர்க்கரைப் புக்கை பொங்கிக் குடுப்பன்" என்றார்.

நேர்த்திக்கடன் எத்தனையோ விதம் இருக்கிறது. மெழுகுதிரி கொளுத்தலாம். ஆவணியில் கேவலார் மாதா கோயிலுக்கு நடந்து போகலாம். மனிதர் அதையெல்லாம் விட்டுவிட்டு மடிப்பிச்சையைப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. உலகத்தில் அவரால் செய்யவே முடியாத ஒன்று, இன்னொருவரிடம் கைநீட்டுவது. சுலபமாய்ச் செய்யக்கூடியதைக் கொடுத்துவிட்டு மகனைக் கேட்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

அந்தக் கைநீட்டாத குணம் அகதி விடுதியில் வந்தது. எண்பத்தாறில், கைக்குழந்தை ஜூலியனோடு இந்த நாட்டுக்கு வந்த புதிதில், சாப்பாட்டுப் பொதியை ஒரு சின்ன யன்னலால் கொடுப்பார்கள். ஒருநாள் கொடுக்கிறவன் பொதியை நீட்டினான், அல்பேர்ட் கைநீட்ட, சும்மா பகிடிக்குப் பின்னுக்கு இழுத்தான், மறுபடி நீட்டினான், மறுபடி இழுத்தான். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பொதியை வாங்காமலே வந்த அல்பேர்ட், "இனி என்ர வீட்டில ஒருத்தரும் ஒருத்தரிட்டையும் கைநீட்டப்படாது" என்று றோசம்மாவிடம் சொன்னார். அது வீட்டுச் சட்டமாகிவிட்டது. எதிர்வீட்டு ஹோல்ஷர் அம்மா சின்ன ஜூலியனுக்குக் கொடுத்த ஒரு பிஸ்கற்றைக்கூட, அழ அழக் கூட்டிக்கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்க வைத்தவர் இவர். அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்ட ஹோல்ஷர் அம்மா, இன்றுவரை மாடிப்படியில் கண்டால் வணக்கம் மட்டும்தான்.

ஜூலியன் வந்துவிட்டான். அவனோடு நின்றவர்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள், ஒருவனுக்கு மட்டும் விரல்களைக் குளிர் கடித்திருந்தது. விமான நிலையத்தில் மகனைக் கண்ட சந்தோஷத்தில் அல்பேர்ட் நேர்த்தியை வாய்விட்டுச் சொல்லிவிட்டார். றோசம்மா அங்கேயே சிலுவை போட்டுக்கொண்டாள். ஜூலியன் மட்டும் ஒருமாதிரிப் பார்த்தான்.

"அப்பாவோ? அப்பா கைநீட்டப் போறாரோ?" என்றான். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறென்று நடந்துவிட்டான். பெடியன் நக்கலடிக்கிறான் என்று அல்பேர்ட்டுக்கு உள்ளே சுட்டது. அதற்குப் பிறகும் பெடியன் சரியில்லை. பனிக்குள்ள என்னடா சாப்பிட்டனீங்கள் என்று தாய் கேட்டால், "ஏதோ சாப்பிட்டம்" என்று எழும்பிப் போய்விடுவான். தகப்பனின் முகத்தை நேரே பார்ப்பதே இல்லை.

அணி இப்போது ஊருக்கு வெளியே இருக்கும் படைமுகாமில் இருந்தது. லொறி கழுவுகிறார்கள், டயர் மாற்றுகிறார்கள், புதுச் சப்பாத்து வாங்குகிறார்கள், பல்லையும் இரத்தத்தையும் வைத்தியரிடம் காட்டுகிறார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு எல்லாருக்கும் நீண்ட விடுமுறை. அதன்பிறகு ஆளுக்கொரு திசை. அணி இதே ஆட்களாக மறுபடி கூடுமோ தெரியாது. ஆகவே நேர்த்தி வெள்ளிக்குள் நிறைவேற வேண்டும். இல்லாவிட்டால் இல்லைத்தான்.

அல்பேர்ட் தப்பப் பார்க்காமலும் இல்லை. முதலில், நித்தியானந்தன் வீட்டிலும் இன்னும் இரண்டு தமிழ் வீட்டிலும் மட்டும் வாங்குவோம், அவர்களுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை என்றார். வாசல் வாசலாய் என்று சொல்லிவிட்டு வாசல் பொறுக்குவதோ என்றாள் றோசம்மா. பிறகு தமிழ்க் கடையில் ஒரு மூட்டை அரிசி வாங்கிக் காரின் பின்பெட்டிக்குள் ஒளித்து வைத்தார். அதையும் கண்டுபிடித்துவிட்டாள். "கடை அரிசியைப் பொங்கி அந்தோனியாரைப் பேய்க்காட்டலாமெண்டு நினைச்சியளோ?" என்று கேட்டாள். மூட்டை காருக்குள்ளேயே கிடந்தது.

சரி, நிற்க நிற்கக் கால்தான் விறைக்கும். அல்பேர்ட் எதிர்க்கதவின் மணியை அமத்தினார்.

ஹோல்ஷர் அம்மா திறந்தார். முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். "கடவுளே! வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டீர்களா?" என்று ஜேர்மனில் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே ஓடினார். கம்பளிக் காலுறை ஒரு சோடி கொண்டுவந்தார்.

"இல்லை அம்மா. நான்… அரிசி கேட்டு வந்தேன். ஒரு கைப்பிடி. மகன் உயிரோடு வந்துவிட்டான். பிச்சை எடுத்து அவனோடு நின்றவர்களுக்குச் சமைத்துக் கொடுப்பேன் என்று புனித அந்தோனியாரிடம் சொன்னேன்."

எத்தனையோ வருடம் ஜேர்மன் பேசிய நாக்கு, 'பிச்சை' என்ற சொல்லில் தடக்கியது. மடியை விரித்துப் பிடித்தார். இப்போது சிரிப்பார், இப்போது கதவைச் சாத்துவார் என்று அவர் குனிந்தபடி காத்திருந்தார்.

"ஜூலியன் வந்துவிட்டானா!" என்றார் ஹோல்ஷர் அம்மா. கண் நிறைந்துவிட்டது. குசினிக்குள் போய், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பைக்குள் அரிசி இருக்குமே, அப்படியே தண்ணீரில் போட்டு அவிக்கிறது, அதில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மடிக்குள் போட்டார். மேலே ஒரு பைக்கற் பிஸ்கற்றும் வைத்தார்.

"இதைத் திருப்பித் தரக்கூடாது" என்றார்.

அல்பேர்ட் மடியை இறுக்கிப் பிடித்தார். "இல்லை அம்மா. தர மாட்டேன். நன்றி" என்றார்.

அதற்குப் பிறகு ஏதோ நடந்தது. கீழ்மாடி, பக்கத்துக் கட்டடம், பேக்கரி, மருந்துக்கடை என்று கால்கள் தாமே போயின. சும்மா சொல்லக்கூடாது, ஒருத்தரும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. பால்சோற்று அரிசி தந்தார்கள், நீட்டு அரிசி தந்தார்கள், துருக்கிக் குடும்பமொன்று கோதுமை நொறுக்கல் தந்தது. பாதிப் பேர் அரிசிக்கு முன்னால் காலுறையைத்தான் நீட்டினார்கள். தமிழ் வீடொன்றில் சந்திரகாந்தி அக்கா மட்டும் சைவக்காரி, முறை தெரிந்தவர்; வாசலில் வைத்து மஞ்சள் தண்ணீரால் காலைக் கழுவி, சுளகில் அரிசி கொண்டுவந்து மூன்று தரம் அள்ளிப் போட்டார். "உங்கட அந்தோனியாருக்கு என்ர பங்கும் சேரட்டும், தம்பி" என்றார்.

ஆனாலும் பழைய குணம் ஒரேயடியாகப் போய்விடுமா? மருந்துக்கடைக்கு அங்கால் இருந்த பெரிய கட்டடத்தின் முன்னால் நின்று பார்த்தார். அத்தனை மாடி, அத்தனை மணி. இதுவே காணும், போதும் என்று சொல்லித் திரும்பிவிட்டார்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பதிலாக இருவருமாக இருந்து பிளாஸ்டிக் பைகளை ஒவ்வொன்றாக வெட்டி அரிசியைக் கொட்டினார்கள். இப்படி ஒரு கலப்பு அரிசியில் உலகத்தில் எவரும் புக்கை பொங்கியிருக்க மாட்டார்கள். றோசம்மா பயறு வறுத்து, சர்க்கரை கரைத்து, தேங்காய்ப்பால் விட்டு, கஜுப்பருப்பும் முந்திரிகைப்பழ வத்தலும் போட்டு அதையும் வழிக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

மறுநாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், இரண்டு பெரிய கிடாரங்கள் நிறையப் புக்கையோடு முகாம் வாசலில் நின்றார்கள். அணித் தலைவர் பிறான்ட்ஹோஸ்ட் வந்து, அல்பேர்ட் சொன்ன நேர்த்திக் கதையைக் கேட்டார். தாடை அகன்ற மனிதர், ஆனால் அந்தக் குளிர்காலம் கன்னத்தைக் குடைந்திருந்தது. வெளிச்சாப்பாட்டை முகாம் சமையலறைக்குள் விட ஏலாது என்றார். அல்பேர்ட்டின் முகம் விழுந்ததைக் கண்டு, "லொறிக் கொட்டகையில் சமையலறை இல்லையே" என்று கண்ணைச் சிமிட்டினார்.

கொட்டகையில் கழுவிய லொறிகள் ஈரத்தோடு நின்றன. ஒரு மூலையில் தேய்ந்த டயர்கள், இன்னொரு மூலையில் வெடித்துப்போன சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. பெடியள் தட்டுகளோடு வந்தார்கள். எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள், உடுப்பு தோளில் தொங்கியது. அல்பேர்ட் மறுபடி வெறுங்காலோடு நின்று, ஒவ்வொரு தட்டிலும் புக்கையை அள்ளி வைத்தார். விரலில் கட்டுப் போட்ட பெடியனுக்கு றோசம்மா கரண்டியால் ஊட்டியே விட்டாள். அவன் வெட்கப்பட்டான். பிறகு வாயைத் திறந்தான்.

"இது பிச்சை எடுத்த சாப்பாடு, தெரியுமா?" என்று பிறான்ட்ஹோஸ்ட் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு அல்பேர்ட்டின் பக்கம் திரும்பினார். "உங்கள் மகன் அதை எங்கே கற்றான் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். இப்போது விளங்குகிறது."

"எதைக் கற்றான்?"

"அவன் சொல்லவில்லையா? பனிக்குள் எங்களுக்குச் சாப்பாடு முடிந்துவிட்டது. மேலே ஒரு சின்னக் கிராமம். போகலாமா, சுடுவார்களா, ஒன்றும் தெரியாது. இவன் துப்பாக்கியையும் தலைக்கவசத்தையும் லொறிக்குள் வைத்துவிட்டு இறங்கினான். நான் கத்துகிறேன், கேட்கவில்லை. வீடு வீடாகப் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றான். அந்தச் சனங்களிடமே ஒன்றும் இல்லை. இருந்தும் தந்தார்கள். ரொட்டி, காய்ந்த முசுக்கட்டைப் பழம். வழி திறக்கும் வரைக்கும் தினமும் போனான். நான் அவனைத் திட்டினேன். திட்டிவிட்டு, அவன் கொண்டுவந்த ரொட்டியைத் தின்றேன். இங்கே நிற்கிற எல்லாரும் தின்றோம்."

அல்பேர்ட் மகனைத் தேடினார். ஜூலியன் லொறிச் சில்லுக்குப் பக்கத்தில் தட்டோடு நின்றான். முகம் வெளிறிப்போய், பிஸ்கற்றைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்றைய முகம் அப்படியே இருந்தது.

"கோவிக்காதேங்கோ அப்பா," என்றான் தமிழில், மெதுவாக. "வேற வழி இருக்கேல்லை. உங்களிட்டைச் சொல்ல எனக்கு வெக்கமாக் கிடந்தது."

ஐயோ, பெடியன் நக்கலடிக்கவில்லை. இத்தனை நாளும் இதற்குப் பயந்துதான் முகத்தைப் பார்க்காமல் திரிந்திருக்கிறான். உயிரைக் காப்பாற்றிக்கொண்டு வந்த பிள்ளை, அப்படிக் காப்பாற்றியதற்காகத் தகப்பனிடம் மன்னிப்புக் கேட்கிறான். பெயர் தெரியாத ஏதோ ஒரு மலை வீட்டில் ஒரு மனிதர் கதவைத் திறந்து, தன் பிள்ளைகளின் ரொட்டியை எடுத்து என் பிள்ளையின் கையில் வைத்திருக்கிறார். பின்னுக்கு இழுக்கவில்லை. அந்த மனிதருக்கு எந்த மொழியில் எப்படி நன்றி சொல்வது?

"சாப்பிடுங்கோவன் நீங்களும், காலைமை தொடக்கம் வெறும் வயிறு" என்று றோசம்மா சொல்லிக்கொண்டே கிடாரத்துக்குள் கரண்டியை விட்டாள். கரண்டி அடியில் இடித்துச் சத்தம் போட்டது. இரண்டாவது கிடாரமும் அப்படித்தான். வழித்துத் துடைத்தாயிற்று. மருந்துக்கடைக்கு அங்கால் போகாமல் திரும்பி வந்தவருக்கு, அவருடைய பங்குதான் இல்லாமல் போனது.

"பரவாயில்லை, எனக்குப் பசியில்லை" என்று சொல்லத்தான் அவருடைய வாய் போனது. அதைத்தான் இருபத்திரண்டு வருடமாகச் சொல்லி வந்தது. ஆனால் மகன் பார்த்துக்கொண்டு நின்றான்.

அல்பேர்ட் மேசையிலிருந்து ஒரு வெறும் தட்டை எடுத்தார். வெறுங்காலோடு அந்த ஈரச் சீமெந்தில் நடந்து, மகனுக்கு முன்னால் போய் நின்றார். இரண்டு கையாலும் தட்டை நீட்டினார்.

"தம்பி, எனக்குப் பசிக்குது. கொஞ்சம் தா."

ஜூலியன் தன் தட்டிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வைத்தான். தமிழ் விளங்காவிட்டாலும், நீட்டிய தட்டு எவருக்கு விளங்காது? பக்கத்தில் நின்றவன் ஒரு கரண்டி வைத்தான். பிறான்ட்ஹோஸ்ட் வந்து வைத்தார். விரலில் கட்டுப் போட்டவன் இடது கையால் பாதியைச் சிந்திச் சிந்தி வைத்தான். ஒருவர் மிச்சமில்லாமல் வந்தார்கள். அல்பேர்ட் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். ஒவ்வொரு தரமும் கண்ணீர் தாடிக்குள் ஓடியது, அதைத் துடைக்கக் கை இருக்கவில்லை. தட்டு நிறைந்து, குவிந்து, ஓரத்தால் வழியத் தொடங்கியது.

"காணுமே அப்பா?" என்று ஜூலியன் அழுகையும் சிரிப்புமாகக் கேட்டான்.

"காணாது," என்றார் அல்பேர்ட், மறுபடி தட்டை நீட்டி. "இன்னும் போடு."