முன்பல்லால் கடிக்காதவள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு முறுக்கிலிருந்து கிடைத்தது. அதை மறைப்பதற்கில்லை.

தொண்ணூற்றெட்டில், அருப்புக்கோட்டையிலிருந்து எம்.ரெட்டியபட்டி வழியாகப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முறுக்கை முன்சீட்டுக் கம்பியில் தட்டி உடைத்து, துண்டுகளைக் கடைவாயில் ஒதுக்கி மென்றாள். அவளுடைய முன்பற்களோ வரிசையாக, வெள்ளையாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தன.

"பல்வலியா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. பல்ல காபந்து பண்றேன்."

நான் தபாலாபீஸில் வேலை பார்ப்பவள். எதிரே இருப்பவர்களிடம் கேள்வி கேட்டே பழகிப்போனவள். பஸ்ஸும் சொல்லிவைத்ததுபோல் டயர் பஞ்சராகி நின்றது. டிரைவரும் கண்டக்டரும் சக்கரத்தோடு மல்லுக்கட்ட, நான் கதையும் எழுதுகிறவள் என்று தெரிந்துகொண்டே அவள் சொல்லத் தொடங்கினாள்.

அவளுக்கு ஹெப்சிபா என்று பெயர் வைத்திருக்கிறேன். மற்றவர்கள் பெயரையும் மாற்றிவிட்டேன். (பெயரை மாற்றுவது சுலபம். மாற்றிய பெயருக்கு ஏற்ற மாதிரி ஆளும் மாறத் தொடங்கும்போதுதான் சிக்கல். அதைப் பிறகு சொல்கிறேன்.)

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "வானம் பார்த்த பூமியில் வெயில் தன்"

விட்டுவிட்டேன். வெயிலில் தொடங்கும் கதைகள் எங்கள் பக்கம் ஏற்கெனவே நிறைய.

இரண்டாவது: "ஹெப்சிபா சிரித்து யாரும் பார்த்ததில்லை, ஏனென்றால்"

பொய். அவள் நிறையச் சிரிப்பவள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிப்பாள், அவ்வளவுதான். ஆகவே நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

ஹெப்சிபாவின் ஊர் எம்.ரெட்டியபட்டி. அவள் குடித்து வளர்ந்த கிணற்றுத் தண்ணீர் பல்லில் காவிக்கறை ஏற்றிவிடும். தேய்த்தாலும் போகாது. தெருவில் எல்லோருக்கும் அப்படித்தான் என்பதால் அது ஒரு விஷயமாகவே அவளுக்குத் தெரியவில்லை. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, போன் பேச வந்த ஒருவர் சாதாரணமாகத்தான் கேட்டார்: "நீ வெத்தல போடுவியாம்மா?" அன்றிலிருந்துதான் கை வாய்க்குப் போனது.

அவளுடைய அண்ணன் ஸ்டீபன் மதுரையில் ஒரு பல் டாக்டரிடம் கார் ஓட்டினான். தங்கை பொத்திக்கொண்டே பேசுவதைப் பார்த்துப் பொறுக்காமல் டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் மேல்வரிசை முன்பற்களில் பல் நிறப் பசையை மெல்லப் பூசி, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தார். அதற்குப் பெயர் வெனீர். அவளுடைய அம்மா அன்னபாக்கியம் வைத்த பெயர் பல்லு ஓடு.*

* டாக்டர் சொன்ன பத்தியம்: கெட்டியான எதையும் முன்பல்லால் கடிக்கக் கூடாது. உடைத்து, நறுக்கி, கடைவாயில் மெல்ல வேண்டும். காப்பி குடித்தால் உடனே வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டிலும் கறை ஏறும். "சாதாரண நாள்ல நீங்களே ஞாபகமா இருந்துக்குவீங்க. பண்டிகை நாள்லதான் கோட்டை விடுவீங்க" என்றாராம்.

3

ஓடு போட்ட பிறகு வந்த வரன்தான் ஜாபேஸ். பாளையம்பட்டிக்காரன், நூல் மில்லில் எலக்ட்ரீஷியன். பெண் பார்க்க வந்த அன்று ஹெப்சிபா கையை மடியில் வைத்துக்கொண்டே சிரித்தாள். அவனுக்குப் பிடித்துப்போனது. புது வருஷம் பிறந்ததும் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று பேசினார்கள். அதற்கு முன்னால், தொண்ணூற்றாறு கிறிஸ்துமஸ் அன்று மதியச் சாப்பாட்டுக்குத் தங்கள் வீட்டுக்கு வரச் சொல்லி ஜாபேஸின் அப்பா அமிர்தராஜ் அழைத்திருந்தார்.

"பல்லு விசயத்தச் சொல்லிருவோம்மா" என்றாள் ஹெப்சிபா.

"எதுக்குச் சொல்லணும்? தண்ணி பண்ணுன வேலைக்கு நீ ஏன் பதில் சொல்லணும்?" என்றாள் அன்னபாக்கியம்.

இந்த இடத்தில் எனக்கு அன்னபாக்கியத்தின் மேல் கோபம் வரவில்லை. வாசகருக்கு வந்தால் நான் குறுக்கே நிற்கப்போவதுமில்லை.

4

இனி சவுந்தரம். ஜாபேஸின் அம்மா.

என் முதல் பிரதியில் இவர் கெட்டவர். "சவுந்தரத்தின் கண்கள் பெண்ணின் வாயையே" என்று ஆரம்பித்து ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தேன். சவுந்தரம் என்று பெயர் வைத்த கையோடு அவருக்கு ஒரு கல் மூக்குத்தியையும் வெடுக்கென்ற பேச்சையும் நானாகவே கொடுத்துவிட்டேன். மாமியார் கெட்டவராக இருந்தால் கதை தானே ஓடும், நான் பின்னால் நடந்தால் போதும். ஆனால் பஸ்ஸில் அந்தப் பெண் சொன்னது வேறு: "அத்தை அப்படிப்பட்டவுக இல்லக்கா. சாப்பாடு போட்டா நாம சாப்பிடணும், அவுகளுக்கு அதுதான் வேணும்." அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன். மூக்குத்தியையும் கழற்றிவிட்டேன்.

சவுந்தரம் முறுக்குக்குப் பெயர் போனவர். அவர் சுடும் முறுக்கு கெட்டி. நாள்பட வைத்தாலும் நமுத்துப்போகாது. பண்டிகைக்கு முன்னால் அக்கம்பக்கத்தார் மாவைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்துச் சுட்டு வாங்கிப்போவார்கள்.

5

ஹெப்சிபாவும் அம்மாவும் போனார்கள். சாப்பாடு நன்றாகத்தான் போனது. ஹெப்சிபா கறியைப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டாள். எலும்பை ஒதுக்கிவைத்தாள். காப்பி வேண்டாமென்றாள். ஒவ்வொரு முறை அவள் ஒதுக்கியபோதும் சவுந்தரத்தின் முகம் கொஞ்சம் வாடிக்கொண்டே வந்தது. கடைசியில் தட்டு நிறைய முறுக்கோடு வந்து அவள் முன்னால் உட்கார்ந்தார்.

"இதாவது தின்னு தாயி. உனக்குன்னு எடுத்து வச்சேன்."

ஹெப்சிபா ஒரு முறுக்கை எடுத்து இரண்டு கையாலும் உடைக்கப் பார்த்தாள். அது அசையவில்லை. ஜாபேஸின் சித்தி சிரித்துக்கொண்டே, "டவுனுல வேல பாக்குற புள்ள. நம்ம வீட்டுப் பண்டமெல்லாம் இறங்குமா?" என்றார். குத்திப் பேசியதுகூட இல்லை, விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் சவுந்தரம் தட்டை மெல்லத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

அதைப் பார்த்ததும் ஹெப்சிபா முறுக்கை வாயில் வைத்துக் கடித்துவிட்டாள். முன்பல்லால்.

(என் பேனா இங்கே நின்றது. அவள் கடிக்காமல் இருந்திருக்கலாம். "எனக்கும் தெரியும்க்கா. அந்தத் தட்டு நகந்ததப் பாக்க முடியல" என்றாள்.)

'டக்' என்றது. நாக்கில் ஒரு சில்லு. உதட்டை இறுக மூடிக்கொண்டு எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். உள்ளங்கையில் துப்பிப் பார்த்தாள். வெள்ளைத் துணுக்கு ஒன்று கிடந்தது. நாக்கால் தடவினாள். ஓடு போன இடத்தில் பழைய பல்.

பின்னாலேயே சவுந்தரம் வந்துவிட்டார். அவள் கையில் இருந்ததைப் பார்த்து அப்படியே துவைக்கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"என் முறுக்கா ஒன் பல்ல ஒடச்சுச்சு? ஐயோ தாயி, நல்ல நாளும் அதுவுமா. ஊரான் வீட்டுப் புள்ளைக்கு நான் பண்ணுன வேலயப் பாரு."

அழுதே விட்டார். ஹெப்சிபா பேசாமல் இருந்திருந்தால் போதும். பல் உடைந்ததற்குப் பழி முறுக்கின் மேல் விழுந்திருக்கும், அவளுடைய ரகசியமும் தப்பித்திருக்கும். அந்த அம்மா ஆயுசுக்கும் தன்னையே நொந்துகொண்டிருப்பார். நான் இப்படியும் ஒரு பிரதி எழுதிப் பார்த்தேன். அரைப் பக்கத்துக்கு மேல் போகவில்லை.

"அத்தே, அழாதீக. இது பல்லு இல்ல. பல்லு மேல பசையப் பூசி, வெளக்கக் காட்டிப் போட்ட ஓடு." வாயைத் திறந்து காட்டினாள். "என் பல்லு இதுதான். எல்லாப் பல்லும் இப்படித்தான் இருக்கும். தண்ணிக்கறை."

சவுந்தரம் பார்த்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்ல அத்தே."

"எங்கிட்ட முன்னாடியே சொல்லிருக்கலாம்ல. பூப்போல இட்லி அவிச்சுக் குடுத்திருப்பேனே."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்தது பரிவா, வருத்தமா என்று ஹெப்சிபாவால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. உள்ளே போய் அவர் ஜாபேஸிடம் சொன்னார். ஜாபேஸ் பஸ் ஏற்றிவிடக்கூட வரவில்லை. அமிர்தராஜ்தான் கூட வந்தார். தாயும் மகளும் ஊர் வந்து சேர்ந்தார்கள்.

6

முடிவுகளுக்கு வருவோம். என்னிடம் இருந்தவை:

ஜாபேஸ் எஸ்.டி.டி. பூத்துக்கு வந்து, "கறைப் பல்லோடயே ஒன்னைய எனக்குத் தெரியும்" என்கிறான். (எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. ஆனால் ஓடு போடுவதற்கு முன்னால் அவன் அவளைப் பார்த்ததே இல்லையாம். போச்சு.)

ஹெப்சிபா எல்லா ஓட்டையும் பெயர்த்து எறிந்துவிட்டுத் தலை நிமிர்ந்து நடக்கிறாள். (பஸ்ஸிலேயே இதைச் சொல்லிப் பார்த்தேன். அவள் சிரித்தாள். "அவ்வளவு ஆசையாப் போட்டுட்டு வந்தத ஏன்க்கா எறியணும்? எனக்கு அது புடிச்சிருக்கு. ஒடஞ்சதையும் திரும்பப் போட்டுக்கிட்டேன்" என்றாள். முற்போக்கான முடிவு ஒன்று இப்படியாகக் கைநழுவியது.)

உண்மையில் நடந்தது இது. வருஷக் கடைசியில் ஒரு காலை, சவுந்தரம் பஸ் ஏறி ரெட்டியபட்டிக்கு வந்தார். அவரைத் தெருமுனையில் கண்டதுமே அன்னபாக்கியம் பேச்சை முறிக்கத்தான் வருகிறார் என்று முடிவே பண்ணிவிட்டாள்.

"வாங்க மதினி. நாந்தான் சொல்ல வேண்டாம்னு தடுத்தேன். புள்ள மேல தப்பில்ல."

"நான் நெனச்சேன் மதினி. புள்ளைக்கு மறைக்கத் தெரியல. கொல்லையில பொசுக்குனு சொல்லிருச்சு." சவுந்தரம் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்தார். "நான் அழுததத் தாங்காம சொல்லிருச்சு. அதத்தான் ரெண்டு மூணு நாளா நெனச்சுக்கிட்டே கெடந்தேன். எனக்குச் சம்மதம். ஜாபேஸ் அப்பாவுக்கும் சம்மதம்."

"தம்பிக்கு?"

"அவனுக்குப் பல்லப் பத்தி ஒண்ணுமில்ல. ஏன் சொல்லலங்கிறதுதான் அவனுக்குக் கோவம். அத நான் வந்து பேசி என்ன ஆகப்போகுது?" பிறகு ஹெப்சிபாவிடம் திரும்பினார். "கூடத்தான் வந்திருக்கான் தாயி. உள்ள வரமாட்டேன்னு பஸ் ஸ்டாப்புலயே நிக்கிறான். நீயே போய்ப் பேசு."

7

ஹெப்சிபா போனாள். வேலிக்கருவை ஓரமாக ஜாபேஸ் நின்றிருந்தான். அவளைக் கண்டதும் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான்.

"அந்தப் பசைய எப்படி இறுக வைக்கிறாக? வெறும் வெளக்கு வெளிச்சத்துலயா?" என்று கேட்டான்.

அது கோபத்தின் மிச்சமா, சமாதானத்தின் ஆரம்பமா, ஒரு எலக்ட்ரீஷியனின் சந்தேகம் மட்டும்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

இதற்குள் டயர் மாட்டி பஸ் கிளம்பியிருந்தது. நான் அவசரப்பட்டேன். "நீ என்ன சொன்ன?"

"அது எங்க ரெண்டு பேருக்குள்ள பேசுனது. அதெல்லாம் எழுதாதீகக்கா" என்று சொல்லிவிட்டு ரெட்டியபட்டியில் இறங்கிப் போனாள். கல்யாணமாகி அம்மா வீட்டுக்குப் போனாளா, ஆகாமல் தன் வீட்டுக்கே போனாளா, அதையும் நான் கேட்கவில்லை.

அதனால் என் பிரதி இங்கே நிற்கிறது. பதிலை எழுத எனக்கு அனுமதி இல்லை. உங்களை யாரும் தடுக்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் வேறு யாரும் இல்லை. அவன் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறான். ஹெப்சிபா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, அவன் முகத்தை நேராகப் பார்த்து, வாயைத் திறக்கிறாள்.